வட்டார சூப்பர்மார்க்கெட்டுகள பதிவு பண்றது எப்படி? இன்னொரு வருஷம் முடிச்ச கையோட புதுசா வர்றவங்களுக்கு ஒரு செய்முறை

இந்த ஹாபில எனக்கு இன்னொரு வருஷம் முடிஞ்சிருச்சு. ஒரு வட்டாரத்துக்குள்ள மட்டும் நாலு கிளையோ நாப்பது கிளையோ வச்சு நடத்துற சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு நேர்ல போய் போட்டோ எடுத்து, எப்ப தொறந்தாங்க, எப்ப போர்டு மாத்தினாங்க, யார்கிட்ட வித்தாங்க, எப்ப மூடினாங்கன்னு எல்லாத்தையும் குறிச்சு வைக்கிறதுதான் வேலை. வருஷம் முடியுறப்ப கணக்கு பார்த்து ஒரு பதிவு போடுவேன், இந்த தடவை கணக்கோட சேர்த்து இத எப்படி செய்யணும்னு முதல்லருந்து எழுதிடறேன், ஏன்னா இதுல ஆள் ரொம்ப கம்மி, இன்னும் பத்து பேர் வந்தா எவ்வளவோ காப்பாத்தலாம்.

ஏன் வட்டாரக் கடைன்னு கேப்பாங்க. ஒரே பேர்ல பல ஊர்ல கிளை நடத்துற பெரிய செயினுக்கு வரலாற காப்பாத்த ஆள் இருக்கு, உதாரணமா இங்கிலாந்துல செயின்ஸ்பரிக்குன்னு ஒரு தனி ஆவணக் காப்பகமே லண்டன்ல இருக்கு. சின்ன செயின் கைமாறினா புதுசா வாங்கினவங்க முதல்ல கழட்டுறது பழைய போர்டதான், ஆபீஸ்ல இருந்த போட்டோ, ஃபைல் எல்லாம் எங்க போகும்னு சொல்ல முடியாது. அமெரிக்காவுல மார்ஷ்னு ஒரு வட்டார செயின் இருந்துச்சு. உலகத்துலயே முதல் தடவையா ஒரு பொருளோட பார்கோட பில் கவுண்டர்ல ஸ்கேன் பண்ணது 1974 ஜூன் 26ல ஒஹையோ மாநிலம் ட்ராய்ங்கற ஊர்ல இருந்த அவங்க கிளையிலதான். அந்த கம்பெனி 2017ல திவாலாகி, கடைங்க ஒண்ணு வேற ஆளுக்கு போச்சு, இல்ல மூடிட்டாங்க. அந்த ஒரு ஸ்கேன் எல்லா வரலாற்றுலயும் இருக்கு, ஆனா மத்த கிளைகள்ல ஒரு சாதாரண நாள் எப்படி இருந்துச்சுன்னு தெரியணும்னா அன்னிக்கு கேமராவோட போன யாரோ ஒருத்தர் எடுத்த படத்தத்தான் தேடணும். அந்த ஒருத்தரா நீங்க இருக்கலாம்.

முதல் ஸ்டெப்: எல்லைய சின்னதா வச்சுக்கோங்க

ஒரே ஒரு செயின எடுத்துக்கோங்க, இல்லன்னா உங்களால அடிக்கடி போயிட்டு வர முடியுற ஒரு பகுதிய எடுத்துக்கோங்க. ஆரம்பத்துல பத்து கடை போதும். ஒரு ஷீட் தொறந்து கடைக்கு ஒரு வரி போடுங்க: இப்ப இருக்கிற பேர், பழைய பேர், முகவரி, கிளை நம்பர் (பெரும்பாலும் பில்லுல இருக்கும்), தொறந்த தேதி, மூடின தேதி, நான் கடைசியா போன தேதி, அப்புறம் "யார் சொன்னது"ன்னு ஒரு கட்டம். இந்த கடைசி கட்டத்த தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, அது எதுக்குன்னு கீழ சொல்றேன்.

ரெண்டாவது: எந்த கடைக்கு முதல்ல போறது

அழகான கடைக்கு முதல்ல போகத்தான் மனசு சொல்லும். சீக்கிரம் மாறப்போற கடைக்கு முதல்ல போங்க. கம்பெனிய யாரோ வாங்கப் போறாங்கன்னு செய்தி வந்தா அந்த வாரமே கிளம்பணும். ரேக்குல ஒரே பொருள அகலமா பரப்பி காலி இடத்த மறைச்சிருந்தா, ஃப்ரீசர் ஒண்ணு ரெண்டு அணைச்சு கெடந்தா, எரிஞ்சு போன போர்டு லைட்ட மாசக்கணக்கா மாத்தாம விட்டிருந்தா, பக்கத்துலயே பெருசா புது கடை கட்டுறாங்கன்னா எல்லாம் ஒரு மாதிரி அறிகுறிதான், எப்பவும் மூடுவாங்கன்னு அர்த்தம் கெடையாது, ஆனா லிஸ்ட்ல மேல ஏத்திடுங்க.

எனக்கு இது வலிச்சுதான் புரிஞ்சது. ஒரு கடை, உள்ள பழைய காலத்து மர எழுத்துல பிரிவு பேருங்க, தரையில ரெண்டு கலர் டைல்ஸ், எல்லாம் முதல்ல கட்டினப்ப எப்படியோ அப்படியே இருந்துச்சு. வெளிப்பக்கம் மட்டும் எடுத்துட்டு, அன்னிக்கு கூட்டமா இருக்குதே, உள்ள இன்னொரு நாள் நிதானமா எடுக்கலாம்னு வந்துட்டேன். நான் திரும்ப போனப்ப கண்ணாடிக்கு உள்பக்கம் பேப்பர் ஒட்டியிருந்துச்சு, உள்ள இடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அந்த மர எழுத்துங்க என் ஞாபகத்துல மட்டும்தான் இருக்கு, போட்டோவுல எங்கயும் இல்ல. இன்னிக்கும் அத நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

மூணாவது: போட்டோ எடுக்கிறது

இதுக்கு பெரிய கேமரா தேவையில்ல, போன் போதும். கடை முகப்பு கிழக்கு பார்த்திருந்தா காலையில போங்க, மேற்கு பார்த்திருந்தா சாயங்காலம். மேகமூட்டமா இருந்தா நிழல் விழாது, போர்டு எழுத்து நல்லா வரும். லைட் எரியுற போர்டா இருந்தா சூரியன் மறைஞ்சு ஒரு 20 நிமிஷத்துல எடுங்க, வானமும் தெரியும் எழுத்தும் தெரியும்.

வெளிய என்னென்ன எடுக்கணும்னா, முழு முகப்பும் ஒரே ஃப்ரேம்ல, ரெண்டு மூலையும் தனித்தனியா, ரோட்டு ஓரத்துல உயரமா நிக்கிற போர்டு, பக்கவாட்டு சுவர், முடிஞ்சா பின்பக்கம் லாரி வந்து சரக்கு எறக்குற இடம். பின்பக்கத்துக்கு யாரும் பெயின்ட் அடிக்க மாட்டாங்க, அதனால பழைய கலரும் பழைய பேரும் அங்கதான் தப்பிச்சு நிக்கும்.

இதுல ஒரே ஒரு பழக்கத்த மட்டும் இன்னிக்கே ஆரம்பிங்க, மத்தது எல்லாம் மெதுவா வரும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிக்கிற இடம் முடிவு பண்ணுங்க. பார்க்கிங்ல மூணாவது விளக்குக் கம்பம், இல்ல எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்போட இடது ஓரம், எதுவா வேணா இருக்கட்டும், அத ஷீட்ல எழுதி வச்சுட்டு வருஷா வருஷம் அதே இடத்துல நின்னு, ஜூம் பண்ணாம, அதே உயரத்துல ஒரு படம் எடுங்க. முதல் வருஷம் அது ஒரு சாதாரண கட்டட போட்டோ, பார்க்க ஒண்ணுமே இருக்காது. நாலாவது வருஷம் நாலையும் பக்கத்து பக்கத்துல வச்சா, வாசல் கதவு எடம் மாறினது, போர்டு சின்னதானது, முன்னாடி நின்ன மரம் போனது, எல்லாம் தானா தெரியும். நான் எடுத்த ஆயிரக்கணக்கான படத்துல திரும்ப திரும்ப பார்க்கிறது இந்த ஒரே இடத்து படங்களத்தான்.

உள்ள எடுக்கிறதுக்கு முன்னாடி கேளுங்க. கடை தனியார் இடம், வேணாம்னு சொல்ல அவங்களுக்கு உரிமை இருக்கு. வார நாள்ல காலையில கூட்டம் இல்லாத நேரம் போய் மேனேஜர்கிட்ட "பழைய கடைகள பதிவு பண்றேங்க, உள்ள நாலு போட்டோ எடுத்துக்கலாமா"ன்னு, ஏற்கெனவே எடுத்த வெளிப்பக்க படத்த காட்டி கேட்டா நெறைய பேர் சரின்னுதான் சொல்வாங்க, சிலர் கூடவே வந்து இங்க முன்னாடி வேற கவுண்டர் இருந்துச்சுன்னு கதையும் சொல்வாங்க. மாட்டேன்னா நன்றி சொல்லிட்டு வந்துடுங்க, ஒளிச்சு வச்சு எடுக்காதீங்க. வாடிக்கையாளர் முகம், குழந்தைங்க, கவுண்டர்ல இருக்கிறவங்க, வண்டி நம்பர் எதுவும் வரக்கூடாது, தப்பி வந்துட்டா மறைச்சுட்டுதான் வெளிய போடணும்.

உள்ள எல்லாரும் ரேக்கத்தான் எடுப்பாங்க. நீங்க மேல பாருங்க, கீழ பாருங்க. மேல தொங்குற வரிசை நம்பர் போர்டு, சீலிங், லைட் வரிசை, சுவத்துல பிரிவு பேர் எழுதியிருக்கிற எழுத்து ஸ்டைல், தரை டைல்ஸ்ல கலர் திடீர்னு மாறுற இடம். தரை மாறுதுன்னா அங்க முன்னாடி ஒரு சுவரோ கவுண்டரோ இருந்திருக்கும். ட்ராலியையும் விடாதீங்க, கைப்பிடியில பழைய செயின் பேரு பல நேரம் அப்படியே இருக்கும், போர்டு மாத்தறவங்க ட்ராலிய மறந்துடுவாங்க. 1937ல ஓக்லஹோமா சிட்டியில சில்வன் கோல்ட்மேன்ங்கறவர் தன்னோட கடைகள்ல முதல்ல விட்ட ட்ராலி, மடக்கு நாற்காலி மாதிரி ஒரு சட்டத்துல கூடைய வச்சது. அதுலருந்து இன்னிக்கு வரைக்கும் வந்த மாற்றத்த யோசிச்சா, ஒரு பழைய ட்ராலிக்கு ரெண்டு போட்டோ செலவு பண்றது ஒண்ணும் ஜாஸ்தி இல்ல.

நாலாவது: அன்னிக்கே எழுதுங்க

வீட்டுக்கு வந்த உடனே, அன்னிக்கு ராத்திரிக்குள்ள. ஃபைல் பேர்ல வருஷம், மாசம், நாள்னு இந்த வரிசையில போட்டு அப்புறம் கடை பேர், 2025-03-09 மாதிரி. அப்பதான் ஃபோல்டர்ல தானா கால வரிசையில நிக்கும். போட்டோ ஃபைலுக்குள்ளயே எடுத்த தேதியும் லொகேஷன் ஆன்ல இருந்தா இடமும் பதிஞ்சிருக்கும், ஆனா வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பினா அதெல்லாம் போயிடும், படமும் சுருங்கிடும், அனுப்பியே ஆகணும்னா டாக்குமென்ட்டா அனுப்புங்க. தேதி இல்லாத நல்ல படத்த விட, தேதியோட இருக்கிற சுமாரான படம் எனக்கு பத்து மடங்கு பெருசு.

அஞ்சாவது: பின்னோக்கி தேடுறது

எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். மூடின கடைக்கும் கட்டடம் பேசும். போர்டு எழுத்த கழட்டினா அதுக்கு அடியில வெயில் படாத பெயின்ட் எழுத்து வடிவத்துலயே அழுத்தமா நிக்கும், இத லேபிள் ஸ்கார்னு சொல்வாங்க, சாய்வா வெளிச்சம் விழுற நேரத்துல போனா படிக்கலாம். சில செயினுக்கு கட்டட வடிவமே கையெழுத்து மாதிரி. அமெரிக்காவுல ஏ அண்ட் பிங்கற செயினோட கடைங்க ஒரு காலத்துல சாய்வு கூரை வச்சு மேல சின்னதா ஒரு கோபுரம், அதுல காத்து திசை காட்டின்னு கட்டினாங்க. அங்கயே சேஃப்வேங்கற இன்னொரு செயின் சான் பிரான்சிஸ்கோவுல மெரினா பகுதியில 1959ல தொறந்த கடையோட வளைஞ்ச கூரைய அப்புறம் பல ஊர்ல திரும்ப கட்டினாங்க. 1930 வாக்குல 15,000 கடைக்கு மேல வச்சிருந்த ஏ அண்ட் பி 2015ல திவாலாகி முழுசா மூடிருச்சு, ஆனா உள்ள இன்னிக்கு என்ன கடை நடந்தாலும் அந்த கோபுரத்த வச்சு தெரிஞ்சவங்க கண்டுபிடிச்சுடுவாங்க. உங்க வட்டார செயினுக்கும் அப்படி ஒரு வடிவம் இருக்கும், நாலஞ்சு கிளைய பக்கத்து பக்கத்துல வச்சு பார்த்தா பிடிபடும்.

கூகுள் எர்த் ப்ரோல பழைய செயற்கைக்கோள் படங்கள வருஷவாரியா தள்ளிப் பார்க்கலாம், கட்டடம் எந்த ரெண்டு படத்துக்கு நடுவுல வந்துச்சுன்னு தெரிஞ்சாலே தேதி குறுகிடும். ஸ்ட்ரீட் வியூவுல பழைய தேதி போட்ட படங்கள் இருந்தா போர்டு மாறினது கெடைக்கும், அது 2007லதான் ஆரம்பிச்சது, அதுக்கு முன்னாடி கெடைக்காது. பழைய வெப்சைட் பக்கங்கள சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ல கம்பெனியோட பழைய வெப்சைட்ட தொறந்து கிளை லிஸ்ட் பாருங்க. பின்கோடு போட்டு தேடுற மாதிரி இருக்கிற பக்கங்கள் அங்க சரியா சேவ் ஆகாது, அதனால இப்ப இருக்கிற கிளை லிஸ்ட்ட நீங்களே வருஷத்துக்கு ஒரு தடவை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க. அப்புறம் நூலகம். பழைய நாளிதழ்கள்ல திறப்பு விழா விளம்பரம்தான் பெரிய புதையல், தேதி, முகவரி, சில நேரம் கட்டடத்தோட படம் கூட இருக்கும்.

இப்ப "யார் சொன்னது" கட்டத்துக்கு வர்றேன். விளம்பரத்துல ஒரு தேதி இருக்கும், ரொம்ப நாள் வேலை பார்த்தவர் வேற வருஷம் சொல்வார், சுவத்துல இருக்கிற கல்வெட்டுல மூணாவதா ஒண்ணு இருக்கும். எதையும் அழிக்காதீங்க, மூணையும் யார் சொன்னதுன்னு போட்டு எழுதுங்க. கட்டடம் முடிஞ்ச வருஷமும் கடை தொறந்த வருஷமும் வேற வேறயா இருக்கலாம், ரெண்டு பேர் சொன்னதும் சரியா இருக்கலாம்.

ஆறாவது: பத்திரப்படுத்துறது

மூணு காப்பி, அதுல ஒண்ணு வேற இடத்துல. கம்ப்யூட்டர்ல ஒண்ணு, ஹார்டு டிஸ்க்ல ஒண்ணு, க்ளவுட்ல ஒண்ணுன்னு வச்சா போதும். நல்ல வெளிப்பக்க படங்கள எல்லாரும் எடுத்து பயன்படுத்தற பொது படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ்ல போடலாம், ஆனா அங்க போட்டா யார் வேணா வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்னு சம்மதிக்கிறீங்க, அது ஓகேன்னா மட்டும் போடுங்க. கட்டடத்த படம் எடுத்து வெளியிடுற சட்டமும் நாட்டுக்கு நாடு மாறும், அங்கயே விளக்கம் இருக்கு, படிச்சுக்கோங்க. யார் வேணா திருத்தக்கூடிய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ல கடை பேர், பழைய பேர், மூடினது எல்லாம் நேர்ல பார்த்தத வச்சு திருத்தலாம், கூகுள் மேப்ப பார்த்து அங்க எழுதறது மட்டும் கூடாது, உரிமைப் பிரச்சினை.

கடைசியா: வருஷக் கணக்கு

வருஷக் கடைசியில ஒரு வாரம் ஒதுக்குங்க. லிஸ்ட்ல இருக்கிற எல்லா கடைக்கும் ஒரு சுத்து போய் அதே நிக்கிற இடத்துல அதே படத்த எடுங்க, கடை மூடியிருந்தாலும் எடுங்க, காலி மனையா இருந்தாலும் எடுங்க. ஷீட்ல கடைசியா போன தேதிய மாத்துங்க. அப்புறம் புதுசா தொறந்தது, பேர் மாறினது, மூடினது, உள்ள மாத்திக் கட்டினது, ஒண்ணும் மாறாததுன்னு பிரிச்சு எண்ணுங்க. ஒண்ணும் மாறாததையும் எழுதணும், அந்த வருஷம் அந்த கடை அப்படியே இருந்துச்சுங்கறதுக்கு அதுதான் சாட்சி.

என் சுத்து இந்த ஞாயித்துக்கிழமை முடிஞ்சது. நான் முதல் முதலா படம் எடுத்த கடையில இந்த வருஷம் வாசல் போர்டு மட்டும் புதுசு, பக்கவாட்டு சுவத்துல பழைய கலர் இன்னும் நிக்குது, ட்ராலி கைப்பிடியிலயும் பழைய பேருதான். மூணையும் எடுத்து, தேதி போட்டு, மூணு இடத்துல சேவ் பண்ணிட்டேன். அடுத்த வருஷ லிஸ்ட்ல முதல் வரியும் அதே கடைதான்.