சிந்தெடிக் பொருந்தவில்லையா? இழுத்துப் பொருத்தும் முன் பார்க்க வேண்டியவை

கிணற்றில் அளந்த பாறைப் பதிவுகளிலிருந்து (லாக்) கணக்கிட்டு உருவாக்கும் செயற்கை நில அதிர்வுப் பதிவுதான் சிந்தெடிக். அதை உண்மையான சீஸ்மிக் பதிவோடு பொருத்தித்தான், எந்த ஆழத்து அடுக்கு சீஸ்மிக்கில் எந்த நேரத்தில் தெரிகிறது என்று அறிகிறோம். சோனிக் லாக் பாறையில் ஒலி செல்லும் வேகத்தைத் தரும், டென்சிட்டி லாக் அடர்த்தியைத் தரும். இரண்டையும் பெருக்கினால் இம்பீடன்ஸ். அது அடுக்குக்கு அடுக்கு மாறும் அளவிலிருந்து பிரதிபலிப்புக் கெழு கிடைக்கும். அதோடு ஒரு வேவ்லெட்டை (சீஸ்மிக் அலைத் துடிப்பின் வடிவம்) கன்வால்வ் செய்தால் (ஒவ்வொரு கெழுவின் இடத்திலும் அதன் அளவுக்கேற்ப அந்த வடிவத்தை வைத்துக் கூட்டினால்) சிந்தெடிக் சீஸ்மோகிராம் தயார். மென்பொருளில் சில நிமிட வேலைதான். ஆனால் அது சீஸ்மிக்கோடு ஒத்துப்போகாவிட்டால் உடனே கை போவது ஸ்ட்ரெட்ச்-ஸ்க்வீஸ் பக்கம், அதாவது சிந்தெடிக்கை நேர அச்சில் இழுத்தும் சுருக்கியும் பொருத்துவது. கடைசியில் தொட வேண்டியதை முதலில் தொடுகிறோம்.

முதலில் லாக்கைப் பாருங்கள். ஷேல் (களிமண் பாறை) பகுதியில் கிணற்றுச் சுவர் சரிந்து குழி அகன்றிருந்தால், டென்சிட்டி கருவி சுவரில் சரியாக ஒட்டாது. பாறையோடு குழியில் நிற்கும் துளையிடும் சேற்றையும் சேர்த்து அளந்து, அடர்த்தியைக் குறைத்துக் காட்டும். வேகம் நொடிக்கு 2500 மீட்டர், உண்மையான அடர்த்தி கன செ.மீ.க்கு 2.4 கிராம், கருவி காட்டுவது 1.9 என்று வைத்துக்கொள்வோம். இம்பீடன்ஸ் 6000-லிருந்து 4750-க்கு விழுகிறது. கெழு சுமார் −0.12. அங்கே பாறை மாறவே இல்லை, ஆனாலும் சிந்தெடிக்கில் பளிச்சென்று ஒரு பிரதிபலிப்பு வந்து நிற்கும். குழியின் விட்டத்தை அளக்கும் காலிப்பர் லாக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும். சோனிக்கில் சைக்கிள் ஸ்கிப்பால் (கருவி முதல் அலையைத் தவறவிட்டு அடுத்த அலையைப் பிடிப்பது) வரும் முட்களும் இதே வேலையைச் செய்யும். டென்சிட்டி இல்லாத இடத்தை வேகத்திலிருந்து அடர்த்தியைக் கணிக்கும் கார்ட்னர் சூத்திரத்தால் நிரப்பலாம், சரி; உப்பு, நிலக்கரி, அன்ஹைட்ரைட் வந்தால் அதை நம்பக்கூடாது.

அடுத்தது டேட்டம், அதாவது அளவு தொடங்கும் பூஜ்ய மட்டம். அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. லாக் ஆழம் ரிக்கில் (துளையிடும் மேடை) உள்ள கெல்லி புஷிங் என்ற பாகத்திலிருந்தோ ரிக் தளத்திலிருந்தோ அளக்கப்படுகிறது. சீஸ்மிக்கின் பூஜ்யமோ கடல்மட்டமாகவோ செயலாக்கத்தில் தேர்ந்தெடுத்த வேறொரு மட்டமாகவோ இருக்கும். நிலத்தில் தோண்டிய கிணற்றில் 20 மீட்டர் வித்தியாசத்தை விட்டுவிட்டீர்கள், மாற்று வேகம் (மட்டங்களுக்கு இடையிலான பகுதிக்குச் செயலாக்கத்தில் எடுத்துக்கொள்ளும் வேகம்) நொடிக்கு 2000 மீட்டர் என்றால், போய்வரும் நேரத்தில் 20 மில்லிசெகண்ட் பிசகும். 25 ஹெர்ட்ஸ் வேவ்லெட்டுக்கு அது சரியாக அரை அலை. உச்சி போய்ப் பள்ளத்தில் உட்காரும். பார்ப்பவர் "போலாரிட்டி (இம்பீடன்ஸ் கூடினால் உச்சியா பள்ளமா என்ற வழக்கம்) தலைகீழ்" என்று முடிவுகட்டி அதையும் திருப்பிவிடுவார். ஒரு பிழையை இன்னொன்று மூடிவிடும். போலாரிட்டியில் சந்தேகம் இருந்தால், கடல் சர்வேயில் கடலடித் தரையைப் பாருங்கள். அங்கே இம்பீடன்ஸ் பொதுவாகக் கூடத்தான் செய்யும்.

சோனிக் ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸில் அளக்கிறது, சீஸ்மிக் சில பத்து ஹெர்ட்ஸில். அதனால் பெரும்பாலும் சோனிக் வேகம் சற்றுக் கூடுதலாக வரும். செக்‌ஷாட் (தரையில் அலை எழுப்பி, அது கிணற்றுக்குள் குறிப்பிட்ட ஆழங்களை அடையும் நேரத்தை அளப்பது) இருந்தால் அந்த விலகலைத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு செக்‌ஷாட் புள்ளியிலும் திருத்த வளைவை மடக்காதீர்கள். மடக்கும் ஒவ்வொரு இடத்திலும் வேகம் குதித்து, இல்லாத பிரதிபலிப்பு முளைக்கும். பாறை மாறும் இடத்தில் மட்டும் மடக்கினால் போதும்.

சாய்ந்த கிணறாக இருந்தால் செங்குத்து ஆழத்தை எடுங்கள். சீஸ்மிக் ட்ரேஸையும் கிணற்றின் பாதையிலேயே எடுங்கள். கிணற்று வாயின் கீழே உள்ள ட்ரேஸ் உதவாது. வேவ்லெட்டைப் பொறுத்தவரை, குறுகிய நேர ஜன்னலில் நீளமான வேவ்லெட்டை எடுத்தால் எதையும் எதோடும் பொருத்திவிடலாம். அப்படி வரும் 0.9 கோரிலேஷனைவிட, நீண்ட ஜன்னலில் வரும் 0.7 எனக்குப் பிடிக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் பொருந்தாவிட்டால் மொத்தமாகச் சில மில்லிசெகண்ட் நகர்த்தலாம். இழுத்தே ஆகவேண்டும் என்றால், இழுத்தபின் இடைவேகத்தை (இரண்டு மார்க்கர்களுக்கு, அதாவது அடையாளம் கண்ட அடுக்கு எல்லைகளுக்கு, இடையிலான வேகம்) கணக்கிடுங்கள். இரண்டு மார்க்கர்களுக்கு நடுவே 100 மீட்டர், சோனிக் வேகம் 3000 என்றால் போய்வர 66.7 மில்லிசெகண்ட். அதில் 10 மில்லிசெகண்டைச் சுருக்கினால் வேகம் 3530-க்கு ஏறிவிடும். மட் லாக் (துளையிடும்போது வெளிவரும் பாறைத் துகள்களின் பதிவு) முழுக்க ஷேல் என்கிறது, காலிப்பரும் சீராக இருக்கிறது என்றால் அந்த வேகத்துக்கு அங்கே பாறை இல்லை. சிந்தெடிக்கைத் தவறான உச்சியில் மாட்டியிருக்கிறீர்கள். இழுத்ததை நீக்கிவிட்டு மேலோ கீழோ உள்ள அடுத்த உச்சியில் வைத்துப் பாருங்கள்.