ஏற்காட்டுப் பனியில் முளைகட்டிய கேழ்வரகு மாவு: கைக்குழந்தையோடு செய்யும் முறை

சேலத்தில் இருக்கும் என் அம்மாவைக் கேட்டால் இதெல்லாம் ஒரு வேலையே இல்லை. ராத்திரி ஊறப்போடு, காலையில் துணியில் கட்டு, மறுநாள் மொட்டை மாடியில் காயப்போடு, மில்லுக்குக் கொண்டு போ. அம்மாபேட்டை வெயிலுக்கு அது சரிதான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டுக்கு வந்துவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது. இங்கே சுமார் 1,500 மீட்டர் உயரம். ஐப்பசி, கார்த்திகையில் நாள் முழுக்க மேகம் வீட்டுக்குள் வந்து போகும். கொடியில் போட்ட துணியே மூன்று நாளாகக் காயாதபோது ஈரத் தானியம் எப்படிக் காயும்? கூடவே, கீழே விரித்த எதையும் இரண்டு கையாலும் வாரி இறைக்கிற ஒன்றரை வயதுப் பாப்பா வீட்டில் இருக்கிறாள்.

வெயிலை நம்பாமல், பாப்பா தூங்கும் நேரத்துக்குள் அடங்குகிற மாதிரி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துச் செய்யும் முறை இது. மலையில் இருக்கும் அம்மாக்களுக்காக எழுதுகிறேன். கீழே சேலத்தில் இருப்பவர்களுக்குக் காயவைக்கும் பகுதி தேவைப்படாது, மற்றது உதவும்.

முளைகட்டித்தான் ஆக வேண்டுமா?

சும்மா வறுத்து அரைத்த ராகி மாவும் நல்லதுதான். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அரிசியோ கோதுமையோ பக்கத்தில்கூட வராது. ஆனால் அந்தச் சத்தையும் இரும்புச் சத்தையும் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ள விடாமல் தானியத்தில் இருக்கும் பைட்டேட் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டினால் அது குறையும்.

சின்னக் குழந்தைக்கு அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தானியம் முளைக்கும்போது அதில் அமைலேஸ் என்ற நொதி உண்டாகும். மாவுச்சத்தை அது உடைத்துவிடுவதால் கூழ் இறுகாது. சாதாரண மாவில் இரண்டு ஸ்பூன் போட்டாலே களி மாதிரி கெட்டியாகிவிடும், பாப்பா நாலு வாய்க்கு மேல் வாங்க மாட்டாள். முளைகட்டிய மாவில் அதே பதத்துக்குக் கூடுதல் மாவு போடலாம். குட்டி வயிற்றுக்குள் போகிற அந்த நாலு வாயில் அதிகச் சத்து இருக்கும்.

வாங்குவது, ஊறவைப்பது

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கேழ்வரகு சேலம் செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். கீழே போகும்போது வாங்கி வந்துவிடுங்கள். பழைய சரக்கு முளைக்காது. புது அறுவடையா என்று கேட்டு வாங்குங்கள். பாலீஷ் போட்டது மாதிரி பளபளப்பாக இருந்தால் வேண்டாம்.

ஒரு தடவைக்கு அரை கிலோ போதும். அதற்கு மேல் எடுத்தால் இந்த ஊரில் காயவைக்க முடியாது.

கழுவி, கல் அரித்து, ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். மார்கழிக் குளிரில் குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் நன்றாக அலசித் தண்ணீரை முழுக்க வடித்துவிடுங்கள்.

முளைகட்டுவது

பழைய பருத்தி வேட்டித் துணிதான் இதற்குச் சரி. கடையில் விற்கிற பிளாஸ்டிக் முளைகட்டும் டப்பா எனக்குப் பிடிக்கவே இல்லை. கேழ்வரகு பொடித் தானியம், ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும், அடியில் தண்ணீர் நின்று நாற்றம் வரும். நைலான் துணியும் வேண்டாம், காற்று போகாது.

சேலத்தில் ஒரே ராத்திரியில் முளைத்துவிடும். இங்கே இரண்டு நாள்கூட ஆகலாம். மூட்டையைக் கதகதப்பான இடத்தில் வைப்பதுதான் வழி. வெந்நீர் அடுப்பு இருக்கும் வீடு என்றால் அதன் பக்கத்துத் திண்ணை நல்ல இடம். இல்லையென்றால் இட்லி எடுத்து வைக்கும் ஹாட்பாக்ஸில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, உள்ளே மூட்டையை வைத்து மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். காலையும் மாலையும் ஒருமுறை மூட்டையோடு தண்ணீரில் அலசிப் பிழிந்து வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் புளித்த வாடை வரும்.

வெள்ளையாகச் சின்ன மூக்கு எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிடுங்கள். அரை சென்டிமீட்டர் வந்தாலே அதிகம். நீளமாக விட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அப்புறம் பரப்பிக் காயவைக்க முடியாது.

காயவைப்பது: மலையில் எல்லாமே இதில்தான் இருக்கிறது

ஏற்காட்டில் முளைகட்டிய மாவு கெட்டுப்போகிறது என்றால் பத்துக்கு ஒன்பது தடவை காரணம் ஈரம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். உள்ளே ஈரம் இருக்கும். அரைத்து டப்பாவில் போட்டு ஒரு வாரத்தில் திறந்தால் மாவு கட்டி கட்டியாகி, பூசண வாடை அடிக்கும். எனக்கும் முதலில் இப்படித்தான் ஆனது. பூசணம் பிடித்ததைக் கழுவியோ வறுத்தோ சரிசெய்ய நினைக்காதீர்கள். பூசணம் விடும் நஞ்சு அடுப்புச் சூட்டில் போகாது. குழந்தைக்கு மட்டுமில்லை, கோழிக்கும் போடக்கூடாது.

இந்த வேலையை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர் வடிய வேண்டும். மூட்டையை இறுக்கிப் பிழிந்து, சமையலறைக் கொக்கியில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். பாப்பா சாப்பிடும் நேரத்தில் இது தானாக நடக்கட்டும்.

அடுத்தது மின்விசிறி. கட்டிலின் மேல் பருத்திச் சேலையை இரண்டாக மடித்து விரித்து, தானியத்தை ஒன்றன் மேல் ஒன்று ஏறாதபடி மெல்லிசாகப் பரப்புங்கள். விசிறியை முழு வேகத்தில் ஓடவிட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். ஜன்னலைத் திறக்காதீர்கள். காற்று வரட்டும் என்று திறந்தால் பனி வந்து உட்கார்ந்துகொள்ளும். அவ்வப்போது உள்ளே போய்க் கையால் கிளறிவிட வேண்டும். பாப்பா தூங்கியதும் ஒருமுறை, எழுந்து பால் குடித்ததும் ஒருமுறை, ராத்திரி படுக்கும் முன் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

தை, மாசியில் இந்தக் கஷ்டம் இல்லை. எஸ்டேட் களத்தில் காப்பிக்கொட்டை காய்கிற அதே வெயிலில் நாமும் காயவைத்துக்கொள்ளலாம். முடிந்தால் வருஷத்துக்கு வேண்டிய தானியத்தை அந்த மாதங்களிலேயே முளைகட்டிக் காயவைத்து, முழுத் தானியமாக எடுத்து வைத்துவிட்டுத் தேவைக்கு அரைத்துக்கொள்ளுங்கள். மாவைவிட முழுத் தானியம் அதிக நாள் நிற்கும்.

மூன்றாவது வாணலி. அடி கனமான இரும்பு வாணலியில், மிகச் சின்னத் தீயில், ஒரு தடவைக்கு இரண்டு கைப்பிடி மட்டும் போட்டுக் கைவிடாமல் புரட்டுங்கள். நான்ஸ்டிக் வேண்டாம், சூடு ஒரே சீராக நிற்பது இரும்பில்தான். நிறம் மாறும் வரை வறுக்கக் கூடாது. சூடு அதிகமானால் மேலே சொன்ன நொதி செத்துவிடும், இத்தனை நாள் முளைகட்டியதற்குப் பாதிப் பலன் போய்விடும். ஈரம் போனால் போதும். தானியத்தை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் முளை மட்டும் உதிர்ந்து தூளாக வர வேண்டும். நாலு மணியைப் பல்லில் வைத்துக் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

இந்த வாணலி வேலையைப் பாப்பா தூங்கும்போது மட்டும் செய்யுங்கள், அல்லது வீட்டில் இன்னொருவர் அவளைப் பார்த்துக்கொள்ளும்போது செய்யுங்கள். காலைக் கட்டிக்கொண்டு நிற்கிற குழந்தையையும் சூடான இரும்பையும் ஒன்றாகச் சமாளிக்கவே கூடாது.

உப்புச் சோதனை

காய்ந்ததா இல்லையா என்பதைக் கையை நம்பி முடிவு செய்ய வேண்டாம். தானியத்தைக் கிடங்கில் வைக்கும் விவசாயிகள் செய்கிற சோதனை ஒன்று இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் இரண்டு ஸ்பூன் தூள் உப்பும், ஒரு கைப்பிடி ஆறிய தானியமும் போட்டு மூடிக் குலுக்குங்கள். பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் தானியத்தில் பதினைந்து சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் அடியில் விழுந்திருந்தால் காய்ந்துவிட்டது.

மலையில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே உப்பே நசநசவென்று இருக்கும். அப்படியே போட்டால் தானியம் காய்ந்திருந்தாலும் சுவரில் ஒட்டும். உப்பை முதலில் வெறும் வாணலியில் வறுத்து, ஆறவைத்து, உடனே பயன்படுத்துங்கள். சோதனை செய்த கைப்பிடியை மாவில் சேர்க்காதீர்கள், அதில் உப்பு ஏறியிருக்கும்.

தேறவில்லையா? மறுபடி விசிறி, மறுபடி வாணலி. அவசரப்படாதீர்கள்.

அரைப்பது

மில்லில் மிளகாயோ மல்லியோ அரைத்த பின் கொடுத்தால் குழந்தை மாவில் காரம் ஏறிவிடும். நான் கொடுக்கும் மில்லில் பெரியவர் ஒருவர் இருக்கிறார். "திங்கக்கிழமை காலைல முதல் ஆளா வந்துரு கண்ணு, ராகி மட்டும் ஓட்டித் தர்றேன்" என்று அவரே சொல்லிவிட்டார். உங்கள் மில்லிலும் கேட்டுப் பாருங்கள். அரை கிலோவை வாங்க மாட்டோம் என்றால் பக்கத்து வீட்டில் குழந்தை இருப்பவர்களோடு சேர்ந்து அரைத்துக்கொள்ளலாம்.

மிக்சி போதுமா? போதும். கொஞ்சம் கொஞ்சமாக, ஜாரை ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டுங்கள். பிறகு மெல்லிய வெள்ளைத் துணியில் சலியுங்கள். கம்பிச் சல்லடையில் உமி தங்காமல் இறங்கிவிடும், தொண்டையில் குத்துகிறது என்று குழந்தை துப்பும். அரைத்ததும் தட்டில் பரப்பி முழுக்க ஆறிய பிறகே டப்பாவில் போடுங்கள். எவர்சில்வர் டப்பாவைவிடக் கண்ணாடி பாட்டில்தான் எனக்குப் பிடிக்கும். உள்ளே வியர்த்தால் வெளியிலிருந்தே தெரியும்.

காய்ச்சுவது

மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சின்னத் தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். முளைவிட்ட தானியத்தில் கிருமி இருக்க வாய்ப்புண்டு. அதனால் நன்றாகக் கொதித்த பிறகும் ஐந்து நிமிஷம் அடுப்பில் இருக்கட்டும்.

இறுகவில்லையே என்று மாவை அள்ளி அள்ளிப் போடாதீர்கள். இந்த மாவு இப்படித்தான் இருக்கும். கெட்டியாகவே வேண்டும் என்றால், கரைத்த மாவைக் கொதிக்கிற தண்ணீரில் ஊற்றுங்கள். உடனே சூடு ஏறி நொதி நின்றுவிடும், கூழ் கொஞ்சம் இறுகும்.

நான் பாலில் காய்ச்சுவதில்லை, தண்ணீரில்தான். பால் தானியத்தின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். பாலை வேறு நேரத்தில் கொடுக்கலாம். கூழோடு ஆரஞ்சுச் சுளை கொடுத்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். நம் ஊரில் ஆரஞ்சுக்கு என்ன குறை! கொட்டையும் மேல்தோலும் நீக்கிக் கொடுங்கள். இரண்டு வயது வரை சர்க்கரை, வெல்லம் எதுவும் வேண்டாம். மசித்த வாழைப்பழம் சேர்த்தாலே இனிப்பாக இருக்கும்.

பாப்பா விழித்திருக்கும்போது

அலசுவது, சலிப்பது இரண்டையும் அவள் பக்கத்தில் இருக்கும்போதே செய்யலாம். அவளுக்கென்று ஒரு கிண்ணம், ஒரு மரக்கரண்டி, ஒரு ஈரத் துணி கொடுத்துவிடுங்கள். நான் அலசும்போது என் பாப்பா துணியைக் கிண்ணத்தில் முக்குவாள், பிழிவாள், மறுபடி முக்குவாள். தரை நனையும், நனையட்டும். ஆனால் தானியத்தைக் கையில் கொடுக்காதீர்கள். இந்த வயதில் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள். உள்ளே போன தானியம் ஈரத்தில் ஊதும். அப்படிப் போய்விட்டால் தண்ணீரோ எண்ணெயோ ஊற்றாமல், நீங்களாக நோண்டாமல், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டுச் சிலர் கேட்டார்கள்.

கீழே சேலத்திலிருந்து ஒருவர், சித்திரையில் மூட்டை கொழகொழவென்று ஆகிப் புளித்துவிடுகிறது என்றார். அங்கே பிரச்சினை நேர்மாறானது. மூட்டையை நிழலில் தொங்கவிட்டு, மூன்று வேளை அலசுங்கள், மூக்கு தெரிந்த உடனே எடுத்துவிடுங்கள். கொழகொழப்பு வந்துவிட்டால் அந்தத் தடவை கொட்டிவிடுவதுதான் நல்லது.

ஓவனில் காயவைக்கலாமா என்று இன்னொருவர் கேட்டார். வைக்கலாம். இருப்பதிலேயே குறைந்த சூட்டில், கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்து, அடிக்கடி கிளறிவிட்டால் நன்றாகக் காய்கிறது. நடுவில் கரண்ட் போனால் உள்ளேயே விட்டுவிடாமல் எடுத்துப் பரப்பிவிடுங்கள்.

கூழ் குடித்த பிறகு குழந்தைக்கு மலம் இறுகுகிறது என்று இரண்டு பேர் சொன்னார்கள். ஆரம்பத்தில் ஒரு ஸ்பூன் மாவில் தொடங்கி, நாளுக்கு ஒரு வேளை மட்டும் கொடுத்து, தண்ணீரும் பழமும் சேர்த்துக் கொடுங்கள். அப்படியும் நான்கைந்து நாளில் சரியாகவில்லை என்றால் மாவை நிறுத்திவிட்டுக் குழந்தை டாக்டரைப் பாருங்கள்.

கூழே வேண்டாம் என்று வாயை மூடிக்கொள்கிற குழந்தைகளுக்கு, இட்லி மாவில் இரண்டு ஸ்பூன் இந்த மாவைக் கலந்து உள்ளங்கை அளவு தோசை ஊற்றிக் கொடுங்கள். கரைத்ததும் உடனே ஊற்றிவிட வேண்டும், வைத்தால் மாவு நீர்த்துவிடும்.