இருண்ட சுற்றுலாவைக் கிராமப்புறத்தில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாழடைந்த கட்டடங்களையும் பழைய மரணங்களையும் பேய்க் கதைகளையும் வைத்துத் தங்கள் வட்டாரத்துக்குச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்க நினைக்கும் இளைஞர்கள் சிலர், தங்கள் திட்ட அறிக்கையைப் படித்துக் கருத்துச் சொல்லுமாறு அண்மையில் என்னிடம் கேட்டிருந்தனர். நல்ல உழைப்பு தெரிந்த அறிக்கை அது. ஆனால் அதன் மூன்றாம் பக்கத்திலேயே, கைவிடப்பட்ட மருத்துவ விடுதி ஒன்றின் மாடியில் நள்ளிரவில் நடமாடும் செவிலியின் கதை வந்தது. அந்தக் கதை யாரிடமிருந்து கிடைத்தது என்று கேட்டேன். "நாங்களே எழுதினோம், இடத்துக்குப் பொருத்தமாக இருந்தது" என்றார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஏறக்குறைய இதே சொற்களில் நானும் ஒருவருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். அதனால் எனக்கும் ஓர் ஊருக்கும் நேர்ந்த இழப்பை நினைத்தே இதை எழுதுகிறேன்.

குப்பைத் தொட்டி, கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்லிவிடும். கையேடுகள் சொல்லாதவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா இருட்டையும் ஒன்றாக எண்ணுவது

மரணமும் பேரழிவும் நிகழ்ந்த இடங்களுக்கு மக்கள் போவது மிகப் பழைய வழக்கம். அதற்கு 'இருண்ட சுற்றுலா' என்ற பெயரை 1996-இல் ஜான் லெனன், மால்கம் ஃபோலி என்ற இரு ஆய்வாளர்கள் கல்வி உலகில் நிலைபெறச் செய்தனர். பின்னர் 2006-இல் பிலிப் ஸ்டோன் என்ற ஆய்வாளர், இவ்வகை இடங்கள் அனைத்தும் ஒரே அளவு இருண்டவை அல்ல என்று கூறி, ஒரு நிறமாலையைப் போல அவற்றை வரிசைப்படுத்தினார். பொழுதுபோக்குக்காகவே கட்டப்பட்ட திகில் கூடங்கள் அதன் வெளிறிய முனையிலும், இனப்படுகொலை முகாம்கள் அதன் கரிய முனையிலும் நிற்கின்றன.

தொடங்குபவர்கள் இந்த இரு முனைகளையும் வழிகாட்டி அழைத்துச் செல்லும் ஒரே மாலை நடையில், ஒரே டிக்கெட்டில், ஒரே குரலில் விற்கப் பார்க்கிறார்கள். பிரான்சின் ஒராதூர்-சுர்-கிளான் கிராமத்தில் 1944 ஜூன் 10 அன்று நாஜிப் படையினர் 643 பேரைக் கொன்றனர். எரிந்த அந்த ஊரை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிய ஊரைக் கட்டினார்கள். துருப்பிடித்த கார்களும் கூரையற்ற வீடுகளும் நிற்கும் அந்தத் தெருக்களில் பயணிகளிடம் வேண்டப்படுவது மௌனம் ஒன்றுதான். அப்படிப்பட்ட ஓர் இடத்தில் பேய் தேடும் கருவியோடு ஒரு குழு நுழைவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

நான் பின்பற்றும் அளவுகோல் எளியது. இறந்தவரின் பெயரைச் சொல்லி அழக்கூடிய ஒருவர் அந்த ஊரில் இன்னும் வாழ்ந்தால், அது நினைவிடம். அங்கே பகலில் மட்டுமே நடை, திகில் அறவே கிடையாது. அமானுஷ்யக் கதைகளுக்கு வேறு இடம், வேறு நேரம், வேறு வழிகாட்டி.

கதையை நாமே எழுதிக்கொள்வது

சுற்றுலா நடைகளை நடத்த நான் பணியாற்றிய ஒரு மலைச்சரிவில் கைவிடப்பட்ட கல் குவாரி ஒன்று இருந்தது. அதன் அடிவாரத்தில் தொழிலாளர் குடியிருப்பின் இடிந்த சுவர்களும், நடுவே சுண்ணாம்புக் காரையால் கட்டிய வட்டக் கிணறும் இருந்தன. குவாரியில் யாரோ இறந்ததாக ஊரில் பேச்சு உண்டு. விவரம் எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்ப நான் ஒரு பெண்ணை உருவாக்கினேன். கணவனை மலையில் பறிகொடுத்த அவள் கிணற்றில் விழுந்து இறந்தாள் என்றும், விளிம்புக் கல்லில் மூன்று முறை தட்டினால் உள்ளேயிருந்து ஒரு முறை பதில் வரும் என்றும் எழுதி, பலகையிலும் பொறித்துவிட்டேன். கிணறு ஆழமானது என்பதால் எதிரொலி வரத்தான் செய்தது.

முதல் பருவத்தில் அது அற்புதமாக வேலை செய்தது. இருபது பேர் கிணற்றைச் சுற்றி மூச்சை அடக்கி நிற்பதைப் பார்த்தபோது, நான் எழுதியதிலேயே சிறந்தது அந்த ஒரு வரிதான் என்று நம்பினேன். இரண்டாம் பருவத்தில் வழிகாட்டி இல்லாமல், இரவு ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஆட்கள் வரத் தொடங்கினர். விரலால் தட்டியவர்கள் போய், கல்லால் தட்டுபவர்கள் வந்தார்கள். பழைய காரை முதலில் பொடியாக உதிர்ந்தது. பிறகு விளிம்புக் கற்கள் ஒவ்வொன்றாக ஆடின. ஒரு மழைக்காலம் முடிந்தபோது மூன்று கற்கள் கிணற்றுக்குள் கிடந்தன. கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த வீட்டார், இரவு முழுவதும் கேட்ட தட்டலுக்குப் பயந்து, வீட்டின் பின்பக்க அறைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார்கள்.

கதையைத் திரும்பப் பெற முயன்றேன். பழைய பலகையை எடுத்துவிட்டு, "இந்தக் கதை கற்பனையானது, கிணற்றைத் தட்ட வேண்டாம்" என்று புதிய பலகை வைத்தேன். வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, அந்தப் பலகையின் மீதே மூன்று முறை தட்டினார்கள். சொல்லப்பட்ட கதைக்கு உரிமையாளர் கிடையாது என்பதை அன்று உணர்ந்தேன். நூற்றுக்கணக்கான வீடியோக்களில் அவள் உயிர் பெற்றுவிட்டாள். நான் ஒருவன் மறுத்து என்ன பயன்? இறுதியில் கிணற்றைக் கான்கிரீட் பலகையால் மூடி, அந்தப் பாதையையே அடைத்தார்கள்.

இன்றும் என்னை வாட்டுவது அதற்குப் பிறகு நடந்ததுதான். அதே ஊரில், கிணற்றிலிருந்து எட்டு வீடு தள்ளி, குவாரிக் கணக்கரின் வழிவந்த குடும்பம் ஒன்று இருந்தது. அவர்கள் வீட்டுப் பெட்டியில் குவாரியின் கூலிப் பேரேடு கிடந்தது. அதில் ஒரு பக்கத்தில், ஒரே நாளோடு பன்னிரண்டு பெயர்களுக்கான பதிவு நின்றுவிடுகிறது. அடுத்த பக்கத்தில் அதே பன்னிரண்டு பெயர்களும் கடைசியாக ஒரு முறை வருகின்றன. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, தர வேண்டிய கூலியும், மண்ணுக்குள் போன கருவிகளுக்கான பிடித்தமும் எழுதப்பட்டுள்ளன: சுத்தியல் ஒன்று, உளி இரண்டு, கடப்பாரை ஒன்று. இறந்தவர்களின் கூலியிலிருந்து அவர்களோடு புதைந்த கருவிகளின் விலையைக் கழித்திருக்கிறார்கள். எந்தப் பேயும் இந்தப் பக்கத்துக்கு ஈடாகாது. நான் கேட்டிருந்தால் முதல் வாரத்திலேயே காட்டியிருப்பார்கள், நான் கேட்கவில்லை.

பேரேட்டில் இருந்த பெயர்களைத் தொடர்ந்து போனபோது நான்கு குடும்பங்கள் தெரியவந்தன. அவற்றில் ஒரு வீட்டில் என்னிடம் கேட்ட கேள்வி இது: "இல்லாத பெண்ணுக்குப் பலகை வைத்தீர்கள், எங்கள் தாத்தாவின் பெயரை ஏன் எழுதவில்லை?" அந்த ஆண்டு ஊர்க்கூட்டம் எங்களுக்குக் கொடுத்திருந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. அது முற்றிலும் நியாயமான முடிவு.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததன்று. ராஜஸ்தானில் ஜெய்சல்மேருக்கு அருகேயுள்ள குல்தாரா, பாலிவால் பிராமணர்கள் வாழ்ந்து, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் வெறிச்சோடிய ஊர். கொடிய திவான் ஒருவனிடமிருந்து தப்பி, ஒரே இரவில் ஊரே சாபமிட்டு வெளியேறியது என்பதுதான் அங்கே பெரும்பாலும் சொல்லப்படும் கதை. நீர் வற்றியது, வரிச்சுமை, நிலநடுக்கம் என ஆய்வாளர்கள் முன்வைக்கும் காரணங்கள் சாபத்தின் நிழலில் மறைந்துவிடுகின்றன. 'கடீன்' என்ற கரை அமைத்து, ஓடிவரும் மழைநீரைத் தேக்கி, பாலைவனத்திலேயே கோதுமை விளைவித்தவர்கள் அந்த மக்கள். அதைக் கேட்காமலேயே திரும்புபவர்கள் எத்தனை பேர்!

மாறாக, இங்கிலாந்தின் ஈயம் கிராமத்தைப் பாருங்கள். 1665-இல் அங்கே கொள்ளைநோய் புகுந்தது. அடுத்த ஆண்டு, பாதிரியார் வில்லியம் மாம்பெசனின் வழிகாட்டுதலில், நோய் வெளியூர்களுக்குப் பரவாதிருக்க ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டனர். சுமார் 260 பேர் இறந்தனர். எல்லைக் கல்லில் குடைந்த குழிகளில் வினிகரை ஊற்றி, அதில் காசைப் போட்டு வைத்து, வெளியூரார் கொண்டுவந்து வைத்த உணவை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் குழிகள் இன்றும் இருக்கின்றன. வீடுகளின் முன்னே, அங்கே இறந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய பலகைகள் நிற்கின்றன. அந்தக் குழிக்குள் விரலை வைத்துப் பார்ப்பவருக்கு மேற்கொண்டு எந்தக் கற்பனையும் தேவைப்படாது.

ஆகவே ஒரு வரி எழுதுவதற்கு முன் இறப்புப் பதிவேடு, கல்லறை, நீதிமன்ற ஆவணம், பழைய செய்தித்தாள், நிலப் பதிவு, முதலாளியின் கணக்குப் புத்தகம் ஆகிய அனைத்தையும் தேடுங்கள். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு முதியவர்களிடமாவது கேளுங்கள். ஊரில் ஏற்கெனவே வழங்கும் பேய்க் கதை இருந்தால் அதை மறைக்க வேண்டியதில்லை. அது அந்த ஊரின் சொத்து. ஆனால் "ஆவணம் சொல்வது இது, ஊரார் சொல்வது இது, எவருக்கும் தெரியாதது இது" என்று மூன்றையும் வழிகாட்டி பிரித்துச் சொல்ல வேண்டும். பயணியைச் செய்யத் தூண்டும் சடங்கு எதையும், தட்டுவது, கூப்பிடுவது, காசு எறிவது, கல் எடுத்துப் போவது என எதையும், கதைக்குள் வைக்கவே கூடாது. ஒரு கதையை நம்பாதவர்கூட அது சொல்லும் செயலைச் செய்து பார்ப்பார்.

தற்கொலை நடந்த இடங்களைச் சேர்ப்பது

கூடாது. ஜப்பானின் அவோகிகஹாரா காட்டின் பெயர் அப்படிப் பரவிய பிறகு, உதவி எண்களைத் தாங்கிய பலகைகளை வைப்பதும், படம்பிடிக்க வருபவர்களைத் தடுக்கப் போராடுவதும் அங்குள்ளவர்களின் வேலையாகிவிட்டது.

ஊரின் சம்மதத்தைத் தலைவர்களோடு நிறுத்திக்கொள்வது

ஊர்த் தலைவர் கையெழுத்திட்டுவிட்டால் ஊரே சம்மதித்துவிட்டது என்று எண்ணுகிறோம். இரவில் வெளிச்சமும் பேச்சும் யார் வீட்டுச் சன்னலில் விழுகின்றன என்பதே கேள்வி. அந்த வீட்டார் கூட்டத்துக்கு வந்திருக்கவே மாட்டார்கள். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள பிளக்லி, 1989-இல் கின்னஸ் புத்தகத்தில் மிக அதிகமான பேய்கள் உலவும் கிராமமாகக் குறிக்கப்பட்டது. பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீன் (அக்டோபர் 31) இரவுகளில் குவியும் வெளியாட்களின் தொல்லை அங்கே நெடுநாள் குறையாக இருந்துவருகிறது. அமெரிக்காவின் பர்கிட்ஸ்வில், 1999-இல் வெளியான ஒரு திகில் படத்துக்குப் பின்னணியான சிற்றூர். படத்தில் வந்ததெல்லாம் கற்பனை. ஆனாலும் ரசிகர்கள் திரண்டு வந்து ஊரின் பெயர்ப் பலகையைத் திரும்பத் திரும்பத் திருடிச் சென்றனர்.

வீடு வீடாகப் போய்க் கேளுங்கள். நடை எத்தனை மணிக்கு முடியும், ஓர் இரவில் எத்தனை பேர், எந்தத் தெரு விலக்கு என்பவற்றை எழுத்தில் கொடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, வேண்டாம் என்று சொல்லும் உரிமையையும் சேர்த்தே கொடுங்கள்.

பேயைவிட ஆபத்தான கட்டடம்

இருட்டில் நடத்த இருக்கும் நடையைப் பகலில் மட்டும் நடந்து பார்த்துவிட்டு அனுமதிக்கிறார்கள். உளுத்த மாடிப் படி, மூடாத கிணறு, வௌவால் எச்சம் குவிந்த அறையில் மூச்சோடு உள்ளே போகும் பூஞ்சை, பழைய கூரைத் தகடுகளில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் ஆகியவை இருட்டில் கண்ணுக்குத் தெரியா. மூடிய அறைக்குள்ளோ அதன் வாசலிலோ ஜெனரேட்டரை ஒருபோதும் ஓட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. தலைவலியையும் குழப்பத்தையும் உண்டாக்கி, பிறகு கொன்றுவிடும். வீட்டில் பேய் இருப்பதாகப் பயந்த ஒரு குடும்பத்தின் கதை 1921-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து கசிந்த இந்த வாயுதான் அங்கே காரணமாக இருந்தது.

கருவிகளைக் கொண்டு நிரூபிக்கப் பார்ப்பது

பேய் தேடுவோர் கொண்டுவரும், மின்காந்தப் புலத்தை அளக்கும் மின்காந்தமானியின் விளக்கு எரிந்தால் ஆவி வந்துவிட்டது என்று சொல்லும் வழிகாட்டியை வைத்துக்கொள்ளாதீர்கள். அது செல்பேசிக்கும் சுவருக்குள் ஓடும் மின்கம்பிக்கும் எரியும். பிரிட்டனில் விக் டாண்டி என்ற பொறியாளர், தம் ஆய்வகத்தில் தமக்கும் சக ஊழியர்களுக்கும் ஏற்பட்ட அச்ச உணர்வை, ஒரு மின்விசிறி எழுப்பிய, காதுக்கு எட்டாத சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வோடு தொடர்புபடுத்தி 1998-இல் எழுதினார். அந்த விளக்கம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று யாரும் நிறுவவில்லை. ஆனால் இதைச் சொன்னதால் என் விருந்தினர்கள் ஆர்வம் இழந்ததை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதன் பிறகு அவர்கள் இன்னும் கூர்ந்து கேட்டார்கள்.

ஆண்டில் ஓர் இரவை நம்பியிருப்பது

ஹாலோவீன் போன்ற ஓர் இரவில் மட்டும் திரளும் கூட்டம் ஊரை வெறுப்பேற்றும். வழிகாட்டிக்கு ஆண்டு முழுவதும் சம்பளம் தராது.

பணம் எங்கே தங்குகிறது என்று பார்க்காதது

இரவு நடை முடிந்ததும் பயணிகள் வண்டியேறி நகரத்து விடுதிக்குப் போய்விட்டால், ஊருக்கு மிஞ்சுவது டயர்த் தடம் மட்டுமே. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வில்லிஸ்கா என்ற சிற்றூரில், 1912 ஜூன் 10 அதிகாலையில் ஆறு குழந்தைகள் உட்பட எட்டுப் பேர் கோடரியால் கொல்லப்பட்ட வீடு, பகலில் காட்சியகமாகவும் இரவில் கட்டணம் செலுத்தித் தங்கும் இடமாகவும் நடத்தப்படுகிறது. அத்தகைய வீட்டில் இரவு தங்கவைப்பது சரியா என்பதில் எனக்குக் கடுமையான தயக்கம் உண்டு. ஆனால் பயணி ஓர் இரவு தங்கினால்தான் ஊரில் பணம் புழங்கும் என்ற கணக்கு உண்மையானது. கொலை நடந்த அறையில் தங்கவைக்காமல், நடந்து போகும் தூரத்தில், ஊரார் வீடுகளின் கூடுதல் அறைகளில் தங்கவையுங்கள். நடையை இரவு ஒன்பதரைக்குள் முடியுங்கள். காலையில் அதே ஊரின் முதியவர் ஒருவர், ஊதியம் பெற்றுக்கொண்டு, பகல் வெளிச்சத்தில் அந்த இடத்தை மீண்டும் ஒருமுறை சுற்றிக் காட்டட்டும். குவாரி ஊரில் இப்போது நடப்பது அந்தக் காலை நடை மட்டும்தான். நான்கு குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர், பேரேட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு பெயர்களையும் வாசிக்கிறார்.