சாலைக் காரை ஆட்டோகிராஸுக்குத் தயார் செய்வது: டயர் காற்றிலிருந்து ஸ்பிரிங் வரை

ஆட்டோகிராஸ் என்றால் கோன் வைத்துக் குறித்த பாதையில் நேரத்தோடு போட்டியிட்டு ஓட்டுவது. ஷோரூமில் இருந்து வந்த நிலையிலேயே ஒரு ஸ்விஃப்டையோ போலோவையோ கோன்களுக்கு நடுவே வேகமாக ஓட்டினால் முதலில் தெரிவது ஒன்றுதான். ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் மூக்கு நேராகவே போகும். இது பழுது அல்ல. பதறி ஸ்டீரிங்கை ஒடிக்கும் ஓட்டுநருக்குப் பின்பக்கம் வீசாமல் இருக்க வேண்டும் என்று கம்பெனியே அப்படி அமைத்திருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் முன்சக்கரங்கள் மீது இருக்கிறது. முன் கேம்பர், அதாவது முன்னால் நின்று பார்த்தால் தெரியும் சக்கரச் சாய்வு, ஏறக்குறைய பூஜ்யம். வண்டி வளைவில் சாயும்போது வெளிப்பக்க முன்டயரும் கூடவே சாய்ந்து, தன் தோள்பட்டை மீது நிற்கிறது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த மெக்பெர்சன் ஸ்ட்ரட் அந்தச் சாய்வை ஈடுகட்டாது.

எனவே மருந்து முதலில் டயருக்கும் சக்கரக் கோணத்துக்கும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் எல்லாம் அதற்கு அப்புறம். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாகச் செய்து, பணத்தைக் கொட்டிய பிறகும் அதே அண்டர்ஸ்டீரோடு, அதாவது மூக்கு திரும்பாத அதே குணத்தோடு, நிற்கிறார்கள்.

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோர ஊர்களான கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர், வாளையார் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஞாயிறு களத்தில் ஓடும் அதே கார்தான் திங்கள் காலை எல்லை தாண்டிக் கோவைக்கு வேலைக்குப் போக வேண்டும். கேரளத்தில் வண்டி மாற்றங்களைக் கடுமையாகப் பார்க்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவை ஒட்டி, கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உற்பத்தியாளர் தந்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். அதனால் இங்கே சொல்லும் வரிசை, திருப்பிப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கூடிய வேலைகளில் இருந்து தொடங்குகிறது. நேரத்தைக் குறைப்பதும் பெரும்பாலும் அந்த வேலைகளே.

முதலில் ஆட்டம் பார்க்க வேண்டும்

சஸ்பென்ஷன் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், அதன் மீது செய்யும் அலைன்மெண்ட் (சக்கரக் கோணம் சரிசெய்வது) அடுத்த பள்ளம் வரைக்கும்தான். முன்பக்கத்தை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பால் ஜாயிண்டோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது. இடவலமாக ஆட்டினால் டை ராடு எண்டின் (ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டின் முனை) ஆட்டம் தெரியும். சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தால் வாய் பிளந்து காட்டும். ஸ்ட்ரட் மவுண்டுக்கு, வண்டியைத் தரையில் நிறுத்தி ஒருவர் ஸ்டீரிங்கைத் திருப்ப, இன்னொருவர் பானெட்டைத் திறந்து மவுண்ட் மீது கை வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்பிரிங் டக்கென்று குதித்துத் திரும்பினால் பேரிங் இறுகிவிட்டது.

புது புஷ் போடும்போது பல பட்டறைகளில் நடக்கும் தவறு ஒன்று உண்டு. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே லோயர் ஆர்ம் போல்ட்டை முழுசாக முறுக்கிவிடுவார்கள். புஷ்ஷின் ரப்பர் உள் உருளையோடும் வெளி உருளையோடும் ஒட்டியது. தொங்கிய நிலையில் இறுக்கினால், வண்டி இறங்கியதும் ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். சில மாதத்தில் கிழியும், வண்டி உயரமும் சரியாக உட்காராது. போல்ட்டைக் கையால் மாட்டி, சக்கரம் தரையில் எடை தாங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு. எத்தனை நியூட்டன் மீட்டர் என்பது அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

காற்று: செலவில்லாத முதல் வேலை

தார் அல்லது கான்கிரீட் களத்துக்கு, சிறிய முன்சக்கர இழுவைக் காரில் குளிர்ந்த டயரில் முன்னால் 38, பின்னால் 34 பிஎஸ்ஐ என்று ஆரம்பிக்கலாம். டயர் பக்கவாட்டில் அச்சிட்ட உச்ச அழுத்தத்தைத் தாண்டக் கூடாது. சாலை டயரின் பக்கச்சுவர் மென்மையானது. காற்று குறைந்தால் வளைவில் மடிந்து, தரையில் பட வேண்டிய ஓடுதளத்தை விட்டுப் பக்கச்சுவரே தரையில் உரசும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க வெள்ளை ஷூ பாலிஷ் போதும். டயரின் தோளில், ஓடுதளத்தில் இருந்து பக்கச்சுவர் வரை குறுக்காக மூன்று இடத்தில் கோடு தடவுங்கள். பல டயர்களில் தோளருகே சிறிய முக்கோணக் குறி இருக்கும். ஓட்டம் முடிந்ததும், அந்தக் குறியைத் தாண்டிப் பாலிஷ் அழிந்திருந்தால் 2 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ஓடுதளத்தின் ஓரத்திலேயே அழியாமல் மிச்சம் இருந்தால் 2 இறக்குங்கள்.

பாலக்காட்டுக் கணவாயின் மார்ச் வெயிலைக் கணக்கில் எடுக்காவிட்டால் இந்த வேலை வீண். காற்றின் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அழுத்தம் சுமார் ஒன்றே முக்கால் பிஎஸ்ஐ ஏறும். காலை ஏழு மணிக்கு வைத்த 38, பிற்பகலில் வண்டி அசையாமல் நின்றாலே 40-ஐத் தாண்டும். வெயில் பட்ட பக்கத்து டயர் நிழல் பக்கத்தை விடக் கூடுதலாகக் காட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் அளக்க வேண்டும், அதுவும் ஒரே கேஜில். பெட்ரோல் பங்க் மீட்டரை நம்ப வேண்டாம்.

பின்பக்கம் சுழல மறுக்கிறதா? பின்டயரில் மட்டும் 2 பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள். பல வண்டிகளில் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேம்பர்

இந்த வேலையில் அதிகப் பலன் தருவது இதுதான். தார்க் களத்துக்கு முன் கேம்பர் மைனஸ் 2 முதல் மைனஸ் 2.5 டிகிரி நல்லது. மைனஸ் என்றால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருப்பது. தினசரி ஓட்டமும் உள்ள காருக்கு மைனஸ் 1.5-ல் நிறுத்துங்கள். டயரின் உள்பக்கத் தேய்மானம் அதுவரை தாங்கக் கூடியதாக இருக்கும்.

கேம்பரை அளக்க அலைன்மெண்ட் கடை தேவையில்லை. சமதரையில் வண்டியை நிறுத்தி, நேரான அலுமினியச் சட்டத்தை ரிம்மின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் படும்படி வைத்து, அதன் மீது கைப்பேசியின் சாய்வுமானியை ஒட்டினால் போதும். கொத்தனாரின் தூக்குக்குண்டும் சரியாகவே சொல்லும். ரிம்மின் இரு விளிம்புகளுக்கு இடையே 360 மி.மீ. என்றால், நூலில் இருந்து மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் 6.3 மி.மீ. வித்தியாசப்பட்டால் ஒரு டிகிரி. அளக்கும்போது ஓட்டுநர் எடை வண்டியில் இருக்க வேண்டும். ஓட்டுநர் சீட்டில் 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை வைத்து, டேங்கைப் பாதி நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ரட்டையும், சக்கர ஹப்பைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்களைத் தளர்த்தி, சக்கரத்தின் மேல்பகுதியை உள்ளே தள்ளிப் பிடித்து இறுக்கினாலே, துளையின் இடைவெளியில் மட்டும் கால் முதல் அரை டிகிரி கிடைக்கலாம். அது போதாவிட்டால் மேல் போல்ட்டுக்குப் பதில் கேம்பர் போல்ட் போடலாம். நடுவில் மையம் விலகிய உருளை உள்ள இது, ஒரு பக்கத்துக்குச் சுமார் ஒன்றரை டிகிரி தரும். இது மெலிந்த போல்ட் என்பதால் குழியில் அடிபட்டால் நழுவும். தலைக்கும் ஸ்ட்ரட்டுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு போட்டு, கோடு உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் பாருங்கள். ஸ்ட்ரட் துளையை அரத்தால் நீட்டுவது மலிவான வழிதான். ஆனால் சாலையில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

மாட்டி முடித்ததும் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் நடுவே குறைந்தது 5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எங்கும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று ஸ்டீரிங்கை இரு எல்லைக்கும் திருப்பிப் பாருங்கள்.

டோ

டோ என்பது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு. கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும். நக்கிள் சாய்கிறது, டை ராடின் நீளம் மாறவில்லை, அதனால் சக்கரம் திரும்புகிறது. ஆகவே கேம்பர் முதலில், டோ கடைசியில்.

நான்கு ஸ்டாண்டு, இரண்டு நைலான் நூல், ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுத்துக்கொள்ளுங்கள். சக்கர மைய உயரத்தில் இரு பக்கமும் நூல் கட்டி, முன் ஹப்பில் இருந்து இடது நூலும் வலது நூலும் ஒரே தூரம், பின் ஹப்பிலும் அப்படியே, என்று சரிசெய்யுங்கள். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் முன்னால் ஒன்றாகவும் பின்னால் ஒன்றாகவும் இருக்கும் என்பதால் முன் தூரமும் பின் தூரமும் சமமாக இருக்கத் தேவையில்லை. பிறகு ரிம்மின் முன் விளிம்பில் இருந்தும் பின் விளிம்பில் இருந்தும் நூலுக்கு அளங்கள். முன் விளிம்பு நூலுக்கு அருகில் இருந்தால் டோ அவுட். ஜாக்கியில் இருந்து இறக்கியதும் அளக்காதீர்கள், டயர் இறுக்கத்தோடு நிற்கும். இரண்டு மீட்டர் முன்னும் பின்னும் தள்ளுங்கள். இல்லாவிட்டால் முன்சக்கரத்தின் கீழே இரண்டு பழைய தரை ஓடுகளை, வழவழப்பான பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி, நடுவில் கிரீஸ் தடவி வையுங்கள்.

களத்துக்கு முன் டோ மொத்தம் 2 மி.மீ. அவுட். மூக்கு உடனே திரும்பும். 4 மி.மீ. வைத்தால் நெடுஞ்சாலையில் லாரி பதித்த தடங்களில் வண்டி அலையும், மழையில் ஆபத்து. டை ராடைக் கால் சுற்று திருப்பினாலே ரிம்மில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மாறும். இரு பக்கமும் சமமாகத் திருப்பினால்தான் ஸ்டீரிங் வீல் நேராக நிற்கும்.

பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்) உள்ள காரில் சரிசெய்யத் திருகு கிடையாது. ஹப்புக்கும் பீமுக்கும் நடுவே ஷிம் என்னும் மெல்லிய தகடு வைக்கலாம். தினசரி வண்டியில் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

ஸ்பிரிங், பார், ஷாக்

இதுவரை சொன்னதைச் செய்து ஓட்டிப் பார்த்த பிறகே இங்கே வாருங்கள்.

ஸ்பிரிங்கின் விறைப்பு, கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறும். வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கை கூடினால் குறையும். 12 மி.மீ. கம்பி, 120 மி.மீ. சராசரி விட்டம், 5 சுற்று என்றால் ஒரு மில்லிமீட்டர் அமுக்கச் சுமார் 24 நியூட்டன் தேவை. அதே அளவில் கம்பி 13 மி.மீ. ஆனால் 33. இதனால்தான் இரண்டு ஸ்பிரிங்குகள் பார்க்க ஒன்று போல இருந்தும் வண்டி வேறு மாதிரி நடக்கிறது. வெர்னியரால் கம்பியை அளக்காமல் பழைய சந்தை ஸ்பிரிங் வாங்காதீர்கள். ஸ்பிரிங்கைக் கேஸ் வைத்து வெட்டவே கூடாது. சூட்டில் எஃகின் பதம் போகும். சக்கரம் தொங்கும்போது வெட்டிய ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவும்.

உயரத்தை 25 மி.மீ.-க்கு மேல் குறைக்க வேண்டாம். மெக்பெர்சன் அமைப்பில் லோயர் ஆர்ம் படுக்கை நிலையைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்தால், ரோல் மையம், அதாவது வண்டி வளைவில் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது, வண்டியின் எடை மையத்தை விட வேகமாகக் கீழே போகும். தாழ்ந்து அழகாகத் தெரியும் வண்டி முன்னைவிட அதிகமாகச் சாயும். கூடவே ஒரிஜினல் ஷாக், அமுக்கத்தின் எல்லையில் உள்ள பம்ப் ஸ்டாப் ரப்பரில் மோதி, வளைவின் நடுவில் முன்பிடி திடீரென்று போகும். சந்தேகம் இருந்தால், தூசி உறையை உயர்த்தி ஷாக் தண்டில் ஒரு கேபிள் டையைக் கட்டி ஓட்டுங்கள். டை எங்கே நிற்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது.

முன்சக்கர இழுவைக் காரில், வண்டி சாய்வதைக் குறைக்கும் பார் (ஆன்டி ரோல் பார்) சேர்ப்பதானால் பின்னால் சேருங்கள். உருளும் எடையைப் பின்பக்கம் வாங்கிக்கொள்வதால் உள்பக்க முன்சக்கரம் தரையில் நிற்கும், வளைவை விட்டு வரும்போது வீணாகச் சுழலாது. உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தூக்கினால் கவலை வேண்டாம். முன்னால் தடித்த பார் போட்டால் இதற்கு நேர் எதிர். ஆனால் கணவாயில் ஜூன் மழை தொடங்கியதும் அந்தப் பின் பாரைக் கழற்றுங்கள், அல்லது பார் முனையில் பல துளைகள் இருந்தால் மென்மையான துளைக்கு மாற்றுங்கள். நனைந்த சாலையில் பின்பக்கம் முன்னறிவிப்பு இல்லாமல் வெளியே வரும்.

விறைப்பைக் கிளிக் கிளிக்காக மாற்றக் கூடிய ஷாக் இருந்தால் மிக மென்மையான நிலையில் தொடங்கி, இரண்டிரண்டு கிளிக்காகக் கூட்டுங்கள். சிறு மேடுகளில் டயர் தத்த ஆரம்பித்தால் இரண்டு கிளிக் பின்வாங்குங்கள்.

மண் களம்

நம் பக்கத்துப் போட்டிகளில் பல மண்ணில் நடக்கும். அங்கே கணக்கு மாறுகிறது. கேம்பர் மைனஸ் 1 போதும். உயரத்தைக் குறைக்கவே கூடாது. பின் பாரைக் கழற்றிவிடுங்கள். காற்று 30 பிஎஸ்ஐ, எப்படியும் 28-க்குக் கீழே போக வேண்டாம், பக்கவாட்டில் வழுக்கி மேட்டில் இடிக்கும்போது டயர் ரிம்மை விட்டுக் கழலும். செம்மண் உலர்ந்தால் மேலே உருளும் சரளையாகும். முதல் ஓட்டங்கள் அதைத் துடைத்த பிறகு பிடி கூடும், அதனால் காலையில் எடுத்த ஓட்ட நேரத்தை மட்டும் வைத்து செட்டப்பை மாற்றாதீர்கள். சித்தூர் வட்டாரத்துக் கரிசல் மண்ணில் மழை விழுந்தால் வீல் ஆர்ச்சுக்குள் அப்பிக்கொண்டு டயரை உரசும். ஓட்டங்களுக்கு நடுவே குச்சியால் சுரண்டி எடுக்க வேண்டும்.

சோதனை

பொதுச்சாலையில் சோதனை வேண்டவே வேண்டாம். உரிமையாளரிடம் கேட்டு, அறுவடை இல்லாத காலத்தில் ரைஸ் மில்லின் சிமெண்டுக் களத்தைப் பயன்படுத்தலாம். 60 மீட்டர் சதுரமும், ஓரங்களில் தூண் இல்லாத இடமும் தேவை. உமித்தூளை நன்றாகப் பெருக்குங்கள், அதன் மீது எந்த டயரும் பிடிக்காது.

15 மீட்டர் ஆரத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டு, அதன் மீதே நிலையான வேகத்தில் ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். 8.4 விநாடி என்றால் பக்கவாட்டுப் பிடி சுமார் 0.86 ஜி (புவியீர்ப்பின் 0.86 மடங்கு), 8.2 என்றால் 0.90. கால் விநாடி குறைந்தாலும் பெரிய முன்னேற்றம். வேகம் மணிக்கு 40 கி.மீ. அளவுதான், ஆனாலும் ஹெல்மெட் அவசியம். வலச்சுற்று, இடச்சுற்று இரண்டும் எடுங்கள். ஓட்டுநர் வலப்பக்கம் இருப்பதால் நேரம் கொஞ்சம் வேறுபடும். அதிகம் வேறுபட்டால் அலைன்மெண்டை மறுபடி அளங்கள். பிறகு 15 மீட்டர் இடைவெளியில் ஆறு கோன் வைத்து, அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து ஓட்டும் ஸ்லாலம்.

ஒரு தடவைக்கு ஒரு மாற்றம், அதற்கு மூன்று ஓட்டம். காற்றையும் கிளிக்கையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அழுத்தம், தரை வெப்பம், நேரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். போட்டியில் பெயர் கொடுக்கும் முன் அந்தப் போட்டியின் விதித்தாளை வாசியுங்கள். இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அனுமதியோடு நடக்கும் போட்டிகளில் எந்தப் பிரிவுக்கு எந்த மாற்றம் செல்லும் என்பது அதில் இருக்கும். ஒரு பார் சேர்த்ததால் மேல் பிரிவுக்குத் தள்ளப்பட்டால் அந்தப் பார் லாபமில்லை.

வீடு திரும்பும் முன் காற்றைக் கதவுத் தூணில் ஒட்டிய அளவுக்கு இறக்கி, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் பாருங்கள். நெடுந்தூரம் போவதாக இருந்தால் டோவைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். டை ராடில் களத்துக்கான நிலையைப் பெயிண்டால் குறித்து வைத்தால் அடுத்த முறை சில நிமிட வேலைதான். கேம்பர் போல்ட்டையும் லோயர் ஆர்ம் போல்ட்டையும் 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.