குதிரை ஈயைப் பற்றி எழுதும்போது எங்கே வழுக்குகிறோம்?

சில வருடங்களுக்கு முன்பு விலங்கியல் மாணவர் ஒருவரின் புராஜெக்ட் அறிக்கை திருத்தத்துக்காக என் மேசைக்கு வந்தது. தலைப்பு: குதிரை ஈயின் மருத்துவப் பயன்கள். அட்டைப் படத்தில் இருந்தது குதிரை ஈ அல்ல, மாட்டுக் கொட்டிலில் கால்களை மொய்க்கும் வேறொரு ஈ. மூன்றாம் பக்கத்தில் ‘உலகிலேயே வேகமான பூச்சி’ என்று ஒரு கட்டம். அது இன்னொரு ஈயின் கதை. கடைசிப் பக்கத்தில் மாரடைப்புக்கு மருந்து கண்டுபிடித்தே விட்டார்கள் என்று முடித்திருந்தார். அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. அந்த வேகக் கதையை ஒரு காலத்தில் நானும் நம்பி எழுதியவன்.

பெயரிலேயே சறுக்கல் தொடங்கிவிடுகிறது. ‘மாட்டு ஈ’ என்று நாம் பொதுவாகச் சொல்வது குறைந்தது மூன்று வகை ஈக்களுக்குப் பொருந்தும். முதலாவது ஸ்டோமாக்சிஸ். வீட்டு ஈயின் அளவுதான், நிறமும் ஏறக்குறைய அதுதான். ஆனால் முகத்துக்கு முன்னால் ஊசி போல ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டாவது ஹிப்போபோஸ்கா. தட்டையான, தோல் போல் கெட்டியான உடம்பு. நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடும். விரலால் நசுக்கினாலும் எளிதில் சாகாது. மாட்டின் வாலடியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மூன்றாவதுதான் நாம் பேசவந்த குதிரை ஈ: தடித்த உடம்பு, தலை முழுவதையும் அடைத்துக்கொண்ட பெரிய கண்கள், பல இனங்களில் அந்தக் கண்ணில் பச்சையும் செம்பும் கலந்த மினுமினுப்பு. பெரிய இனங்கள் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும். இது டபானிடே குடும்பம். முதல் இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். உள்ளூர்ப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு வந்து அறிவியல் பெயரை ஒட்டினால் மூன்றில் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது எழுதுபவருக்கே தெரியாமல் போகும்.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. மாடுகளை வெறிபிடித்து ஓடவைக்கும் பூச்சியைக் கிரேக்கர்கள் ‘ஓய்ஸ்ட்ரோஸ்’ என்றார்கள். பசுவாக மாற்றப்பட்ட அயோ என்ற பெண்ணை நாடு நாடாகத் துரத்தியது அதுதான். பின்னாளில் லின்னேயஸ் அந்தப் பெயரைக் கடிக்கவே கடிக்காத, ஆட்டின் மூக்கில் புழுவை விட்டுப்போகும் பாட் ஈக்கு வைத்துவிட்டார். டபானஸ் என்ற லத்தீன் பெயர் குதிரை ஈக்கு வந்தது. கிரேக்கச் சொல்லோ பூச்சியியலை விட்டு உடலியலுக்குள் நுழைந்து இன்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. பசுவின் பருவகாலப் பரபரப்புக்கும் ஈ கடித்த பரபரப்புக்கும் அந்தக் காலத்தில் ஒரே சொல் போதுமானதாக இருந்திருக்கிறது!

வேகக் கதைக்கும் இந்தப் பாட் ஈ வகைதான் காரணம். 1926 இல் சார்லஸ் டவுன்சென்ட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளர், மலைமேல் தன்னைக் கடந்து பறந்த மான் பாட் ஈ மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போனதாகக் கணித்தார். ஒலியையே முந்தும் ஈ! பத்திரிகைகள் விடுமா? 1938 இல் நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் இர்விங் லாங்மியூர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். அந்த வேகத்தில் பறக்க ஈ ஒவ்வொரு நொடியும் தன் எடையைப்போல் ஒன்றரை மடங்கு உணவு தின்ன வேண்டியிருக்கும். காற்றின் அழுத்தமே அதன் தலையை நசுக்கிவிடும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பதே நம்பத்தக்கது என்று அவர் முடித்தார். கதை அதோடு ஓயவில்லை. ஃபுளோரிடாவில் ஆண் குதிரை ஈ ஒன்று, காற்றுத் துப்பாக்கியில் சுட்ட குண்டைத் துரத்தியதை வைத்து மணிக்கு 145 கிலோமீட்டர் என்றொரு மதிப்பீடு 1990களில் வந்தது. அது மதிப்பீடுதான், அளவீடு அல்ல. இணையத்தில் இந்த இரண்டும் கலந்து ‘குதிரை ஈயின் வேகம்’ என்று ஒரே வரியாகச் சுற்றுகின்றன. எழுதுவதானால் எந்த ஈ, யார் சொன்னது, எப்படி அளந்தது என்ற மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், குதிரை ஈக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

வகைப்பாட்டுக்கு வருவோம். டபானிடே குடும்பத்தில் ஏறத்தாழ 4,400 சிற்றினங்கள் உண்டு. பங்கோனினே, கிரைசாப்சினே, டபானினே என்று மூன்று துணைக்குடும்பங்களாகப் பிரிப்பது வழக்கம். புதிதாகப் படிப்பவர்கள் நிறத்தையும் அளவையும் பார்த்துப் பிரிக்கப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டிய இடம் பின்னங்கால். அதன் கீழ்த்தண்டின் நுனியில் சிறு முட்கள் இருந்தால் முதல் இரண்டு துணைக்குடும்பங்களில் ஒன்று, இல்லையென்றால் டபானினே. அடுத்தது இறக்கை. பட்டை போட்ட இறக்கையை லேசாக விரித்து உட்கார்ந்தால் கிரைசாப்ஸ். புள்ளியும் வளையமுமாக மங்கிய இறக்கையைக் கூரை போல உடம்பின்மேல் சாய்த்துவைத்தால் ஹீமட்டோபோட்டா. டபானஸ் இனங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெளிந்த இறக்கை. இது களத்தில் கைகொடுக்கும் குறிப்பு மட்டுமே. சிற்றினத்தைச் சொல்ல நெற்றியின் அகலம், அதிலுள்ள மினுமினுப்பான புடைப்பின் வடிவம், உணர்கொம்பின் மூன்றாம் கணு என்று இறங்கிப் பார்க்க வேண்டும்.

மாதிரி சேகரிக்கும்போது நடக்கும் தவறுகள்தான் எனக்கு அதிக எரிச்சல் தருபவை, ஏனென்றால் பிறகு அவற்றைச் சரிசெய்ய வழியில்லை. பிடித்த ஈயை அப்படியே சாராயக் குப்பியில் போடுவார்கள். வயிற்றுப் பட்டைகள் பல இனங்களில் நிறமாக இல்லை; மிக நுண்ணிய தூள் போன்ற படலமாகவும் மயிராகவும்தான் இருக்கின்றன. நனைந்தால் அந்தக் கோலம் தெரியாது. குதிரை ஈயைக் குண்டூசி குத்தி உலர்த்த வேண்டும். மரபணு பார்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு காலை மட்டும் எடுத்துத் தனியே எத்தனாலில் வைக்கலாம். இன்னொன்று, கண். உயிரோடிருக்கும்போது கண்ணில் தெரியும் வண்ணப்பட்டைகள் காய்ந்ததும் மறைந்து, எல்லாமே கரும்பழுப்பாகிவிடும். பிடித்த உடனே கண்ணைப் படமெடுத்துக்கொள்வது ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல், ‘கண்ணில் பட்டை இல்லை’ என்று பதிவு செய்த தாள்களைப் பார்த்திருக்கிறேன். இருந்த பட்டைதான், இறந்தபின் போய்விட்டது.

ஆண், பெண் வேறுபாடும் இதில் சேர்த்தி. இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஆண். நடுவே நெற்றி இடைவெளி இருந்தால் பெண். இனங்காணும் அட்டவணைகள் பெரும்பாலும் பெண்ணை வைத்தே எழுதப்பட்டவை. கெர்ட்ரூட் ரிக்கார்டோ 1911 இல் கீழ்த்திசை டபானஸ் இனங்களைத் திருத்தித் தொகுத்து, கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்விதழில் வெளியிட்ட காலத்திலிருந்தே நிலைமை இதுதான். கடிக்க வருவது பெண். ஆகவே கையில் அகப்படுவதும் பெண். ஆண் ஒன்று கிடைத்துவிட்டால் அதே அட்டவணையில் ஓட்டிப் பார்க்காதீர்கள், நெற்றியே இல்லாத தலையில் நெற்றியை எப்படி அளப்பது?

‘குதிரை ஈக்கள் இரத்தம் குடிப்பவை’ என்ற ஒற்றை வரியும் பாதிதான் சரி. ஆண்கள் பூந்தேன் குடித்தே காலம் தள்ளுகின்றன. பெண்ணும் பறக்கும் தெம்புக்குப் பூந்தேனையே நம்பியிருக்கிறது, முட்டைக்காகத்தான் இரத்தம். இமயமலையில் ஃபிலோலிக் பேரினத்தின் ஈ ஒன்றுக்கு உடம்பைவிட நீளமான குழல் உண்டு. நேபாளத்தில் ஆழக் குழல் கொண்ட ஒரு காட்டு இஞ்சிப் பூவின் மகரந்தச் சேர்க்கைக்கு அதுவே முக்கியத் துணை. ஆஸ்திரேலியாவில் பூ தேடும் குதிரை ஈ ஒன்றுக்கு வயிற்று நுனியின் பொன்னிறத்தைப் பார்த்து பாடகி பியான்சேயின் பெயரை வைத்தார்கள். அந்த மாதிரி சேகரிக்கப்பட்டது 1981 இல், அவர் பிறந்த ஆண்டில். பெயர் கிடைக்க முப்பது ஆண்டு பெட்டியில் காத்திருந்தது.

நோய் பற்றி எழுதும்போது ‘பரப்புகிறது’ என்ற சொல்லில் கவனம் தேவை. 1880 இல் கிரிஃபித் எவான்ஸ் என்ற கால்நடை மருத்துவர், அன்றைய பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கானில், சர்ரா நோய் கண்ட குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் நெளியும் ஒட்டுண்ணியைக் கண்டார். டிரிப்பனோசோமா எவான்சி என்று இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. குதிரை ஈக்கள் அதைக் கடத்துகின்றன என்பதை லெனார்ட் ரோஜர்ஸ் 1901 இல் சோதனையில் காட்டினார். ஆனால் அந்த ஒட்டுண்ணி ஈயின் உடம்புக்குள் வளர்வதில்லை. கத்திபோன்ற வாயுறுப்பால் தோலைக் கிழித்து, தேங்கும் இரத்தத்தை உறிஞ்சுகிறது ஈ. கடி வலிக்கிறது, மாடு வாலை வீசுகிறது, பாதி வயிற்றோடு பறந்து பக்கத்து மாட்டில் உட்காருகிறது. வாயில் ஒட்டிய ஈர இரத்தம்தான் நோயைக் கொண்டுபோகிறது, சுத்தம் செய்யாத ஊசி போல. இரத்தம் காய்ந்துவிட்டால் ஆபத்தும் குறைகிறது. நோய் கண்ட மாட்டை மற்றவற்றிலிருந்து தள்ளிக் கட்டச் சொல்வதன் காரணம் இதுதான்.

இதற்கு நேர் எதிர், ஆப்பிரிக்காவின் கிரைசாப்ஸ். லோவா லோவா என்ற கண்புழு அந்த ஈக்குள் நாள்கணக்கில் வளர்ந்த பிறகே மனிதருக்குப் போகும். முதலாவதில் ஈ வெறும் வாகனம், இரண்டாவதில் அது வளர்ப்புத் தாயும்கூட. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டால் தடுப்பு முறை பற்றி அடுத்து எழுதுவதெல்லாம் தப்பாகும். ‘குதிரை ஈ கடித்தால் மனிதருக்குச் சர்ரா வரும்’ என்று பயமுறுத்துவதும் வேண்டாம். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில் 2004 இல் ஒரு விவசாயிக்கு அது வந்தது உண்மை. அவர் இரத்தத்தில் ஏபிஓஎல்1 என்ற காப்புப் புரதம் இல்லை என்பது பிறகு தெரிந்தது. நம்மில் பெரும்பாலோரின் இரத்தம் அந்த ஒட்டுண்ணியைக் கொன்றுவிடும்.

இனி மருத்துவம். வழுக்கும் இடங்களில் பெரியது இதுதான்.

சீன மருத்துவத்தில் குதிரை ஈ உண்மையாகவே ஒரு சரக்கு. பெண் ஈக்களைப் பிடித்து உலர்த்தி, இறக்கையும் காலும் நீக்கி, வறுத்துப் பயன்படுத்துகிறார்கள். கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஜாங் ஜாங்ஜிங் சொன்ன திதாங் கஷாயத்தில் அட்டை, குதிரை ஈ, பீச் கொட்டைப் பருப்பு, ருபார்ப் கிழங்கு நான்கும் சேரும். இரத்தக் கட்டை உடைப்பது அதன் நோக்கம். கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்று அந்த மரபே எச்சரிக்கிறது. இது மருத்துவ வரலாறு, இவ்வளவும் சரி.

மறுபக்கம் ஆய்வகம். இரத்தம் உறையாமலும், இரத்த நாளம் சுருங்காமலும் பார்த்துக்கொண்டால்தான் ஈக்கு விருந்து. அதற்கான மூலக்கூறுகள் உமிழ்நீரில் உள்ளன. ஹைபோமிட்ரா இன ஈ ஒன்றிலிருந்து நாளத்தை விரிக்கும் வாசோடாப் என்ற பெப்டைடு (சிறு புரதத் துண்டு) 2006 இல் விவரிக்கப்பட்டது. 2008 இல் சீன ஆய்வாளர்கள் டபானஸ் யாவ் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒட்டாமல் தடுப்பவை, நோயெதிர்ப்பைத் தணிப்பவை என்று ஒரு படையையே பிரித்தெடுத்தார்கள். அந்த ஈயின் டாப்லைசின்-15 என்ற புரதத்தின் முப்பரிமாண வடிவம் 2012 இல் வெளிவந்தது. இதுவும் சரி.

இந்த இரண்டையும் ஒரு ‘ஆகவே’ போட்டு முடிச்சுப் போடுவதுதான் தவறு. ‘ஆகவே, ஈராயிரம் ஆண்டு மருத்துவத்தை நவீன அறிவியல் நிரூபித்துவிட்டது.’ கொஞ்சம் நிதானியுங்கள். ஆய்வகத்தில் எடுத்தது புதிய உமிழ்நீர்ச் சுரப்பி. கஷாயத்தில் போவது வறுத்த முழு ஈ. புரதம் வறுபட்டால் உருக்குலையும். மிஞ்சியதை வயிறு செரிக்கும். வறுத்த ஈயில் வேறு ஏதாவது வேலை செய்யலாம், ஆனால் உமிழ்நீர்ப் புரதத்தின் சான்றிதழை அதற்குக் கொடுக்க முடியாது. அதேபோல் சோதனைக் குழாயில் தட்டணு ஒட்டவில்லை என்பதும், நோயாளிக்கு மாரடைப்பு வரவில்லை என்பதும் ஒன்றல்ல. அட்டையின் கதையைப் பாருங்கள். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது என்று ஜான் ஹேக்ராஃப்ட் 1884 இல் சொன்னார். அதற்குக் காரணமான ஹிருடின் என்ற பொருளைத் தூய்மையாகப் பிரிக்க 1950கள் ஆயின. அதை முன்மாதிரியாக வைத்துச் செயற்கையாகச் செய்த பைவாலிருடின் என்ற மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 2000 இல். நூற்றுப் பதினாறு ஆண்டுகள். குதிரை ஈ உமிழ்நீரிலிருந்து அப்படி ஒப்புதல் பெற்ற மருந்து இன்றுவரை ஒன்றுகூட இல்லை. ‘மருந்தாகக்கூடிய மூலக்கூறுகள் தேடப்படுகின்றன’ என்று எழுதினால் அது உண்மை. ‘மருந்து’ என்று எழுதினால் பொய்.

அதே உமிழ்நீருக்கு இன்னொரு முகம் இருப்பதை மருத்துவப் பயன் எழுதுபவர்கள் சொல்வதே இல்லை. அதில் ஒவ்வாமையைக் கிளப்பும் புரதங்களும் உண்டு. அவற்றில் இரண்டு குளவி நஞ்சிலுள்ள புரதங்களை ஒத்தவை என்பதால், குளவிக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் சிலருக்குக் குதிரை ஈக் கடியும் ஆபத்தாகலாம். கடித்த இடம் வீங்கிச் சிவந்து அரிப்பது சாதாரணம். கழுவி, ஐஸ் வைத்தால் பெரும்பாலும் அடங்கும். உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடோ நாக்கோ வீக்கம், மூச்சுத் திணறல், தலைசுற்றல் வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். போகும்போது அடித்துப் போட்ட ஈ கிடந்தால் ஒரு தாளில் மடித்து எடுத்துப் போங்கள். ‘ஏதோ மாட்டு ஈ’ என்று டாக்டரிடம் சொன்னால் மறுபடியும் முதல் பத்தியின் குழப்பம்தான்.