ஒரு தறி ஒரு ஷிஃப்டில் எத்தனை மீட்டர் கொடுக்கும்? கணக்குப் போடும் முறை

சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்களுக்கு வருமானம் மீட்டரில்தான். புதிதாகத் தறி போடுகிறவர்கள் பலர், யாரோ சொன்ன எண்ணை நம்பிப் பாவு (துணியின் நீளவாக்கில் போகும் இழைகள்) வாங்கி, துணி தருவதாக நாளும் குறித்துவிட்டுத் தவிக்கிறார்கள். கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. பிக், வேகம், திறன் (ஷிஃப்டில் தறி உண்மையில் ஓடும் நேரத்தின் பங்கு) என்ற மூன்று எண்கள் போதும். மூன்றாவதில்தான் ஏமாந்துபோகிறோம்.

முதலில் பிக். துணியின் குறுக்கே போகும் ஒவ்வொரு ஊடை இழையும் ஒரு பிக். நூல் எண்ணும் லென்ஸை வைத்து ஓர் இன்ச்சுக்கு எத்தனை என்று எண்ணுங்கள். தறியில் விறைப்பாக இருக்கும்போது எண்ண வேண்டாம். கழற்றியதும் துணி நீளத்தில் சுருங்கும்; தறியில் 50 காட்டியது மேஜையில் 52 ஆகிவிடலாம். வாங்குகிறவர் மேஜையில்தான் அளப்பார். அதனால் தளர்ந்து கிடக்கும் துணியில் நாலைந்து இடத்தில் எண்ணிச் சராசரி எடுங்கள்.

அடுத்தது வேகம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பிக் விழுகிறது என்பது. நாடா (ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகும் ஓடம்) போகும் சாதாரண விசைத்தறியில் கண்ணால் பார்த்து எண்ணினால் தவறிவிடும். நாடாவை அடித்துத் தள்ளும் வலது பக்கத்துப் பிக்கிங் குச்சி அடிப்பதை மட்டும் ஒரு நிமிடம் எண்ணுங்கள். நாடா ஒரு முறை வலமிருந்தும் மறுமுறை இடமிருந்தும் போவதால், வந்த எண்ணை இரட்டித்தால் வேகம் கிடைத்துவிடும். 75 அடி என்றால் 150 பிக்.

இப்போது கணக்கு. 150 × 60 = மணிக்கு 9,000 பிக். ஒரு மீட்டர் 39.37 இன்ச், ஆகவே 52 பிக் துணியில் ஒரு மீட்டருக்கு 52 × 39.37 = சுமார் 2,047 பிக். 9,000-ஐ 2,047-ஆல் வகுத்தால் மணிக்கு 4.4 மீட்டர். 12 மணி நேர ஷிஃப்டுக்கு ஏறக்குறைய 52.8 மீட்டர்.

இது தறி ஒரு நொடிகூட நிற்காமல் ஓடினால் வரும் எண். நிற்காத தறி எங்கே இருக்கிறது?

தார், அதாவது நாடாவுக்குள் இருக்கும் ஊடை நூல் சுற்றிய குழல், மாற்றுவதை மட்டும் பாருங்கள். 50 இன்ச் அகலத் துணியில் நிமிடத்துக்கு 150 பிக் விழுந்தால், சுமார் 190 மீட்டர் ஊடை நூல் போகிறது. 30-ஆம் நம்பர் நூல் 30 கிராம் சுற்றிய தாரில் ஏறக்குறைய 1,520 மீட்டர் இருக்கும். அது எட்டே நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஷிஃப்டில் 80 சதவீத நேரம் தறி ஓடினாலே 72 தார் வேண்டும். நின்றதைக் கவனித்து வந்து மாற்றி மறுபடி ஓட்ட அரை நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், அதற்கே 36 நிமிடம் போய்விடும். ஒரே ஆள் நான்கைந்து தறியைப் பார்க்கும்போது அந்த அரை நிமிடமும் நீளும். இதோடு பாவு இழை அறுவது, பீம் (பாவு சுற்றிய உருளை) தீர்ந்து புதுப் பாவு பிணைப்பது, மின்தடை எல்லாம் சேரும்.

அதனால் திறனை யாரிடமும் கேட்காதீர்கள். தறிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுத் தொங்கட்டும். தறி நின்ற ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் ஒரு வாரம் எழுதுங்கள். 720 நிமிடத்தில் 144 நிமிடம் நின்றிருந்தால் உங்கள் திறன் 80 சதவீதம். 52.8 × 0.80 = 42 மீட்டர். நாள் குறித்துக் கொடுக்கும்போது இந்த 42-ஐ வைத்துத்தான் குறிக்க வேண்டும்.

வார முடிவில் நோட்டைப் புரட்டி, எந்தக் காரணத்தில் அதிக நிமிடம் போனது என்று கூட்டிப் பாருங்கள். இழை அறுவதுதான் அதிகம் என்றால், வேகத்தைக் கூட்டுவதில் பயனில்லை. இன்னும் அதிகமாக அறும். பாவுக்குக் கஞ்சி சரியாக ஏறியிருக்கிறதா, விழுதிலும் (பாவு இழையைத் தூக்கி இறக்கும் கண்ணி) அச்சிலும் (ஊடையை அடித்துச் சேர்க்கும் சீப்பு) இழை உரசுகிறதா என்று அங்கே பாருங்கள்.