மான்ஸ்ஃபீல்ட் பார்க்கை ஆய்வுக் கட்டுரையோடு படிப்பது எப்படி

முதல் வேலை, முன்னுரையைத் தாண்டிப் போவது. ஆய்வுப் பதிப்பு என்றால் தொடக்கத்திலேயே ஒரு பேராசிரியர் நீளமாக எழுதி, யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்பதுவரை போட்டு உடைத்திருப்பார்.

ஜேன் ஆஸ்டின் முடித்த நாவல்கள் ஆறு. அதில் 1814இல் வந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்'கை நான் சொல்வது, ஆய்வாளர்கள் இன்னும் அதை வைத்துச் சண்டை போடுவதால்தான். ஏழைப் பெண் ஃபேனி, பெரியம்மாவின் பணக்கார வீட்டில் வளர்கிறாள். பெரியப்பா சர் தாமஸுக்கு, அந்தக் காலத்தில் அடிமைகளை வைத்து வேலை வாங்கிய கரீபியன் தீவான ஆன்டிகுவாவில் சொத்து. அவர் மகன் எட்மண்ட் நம் கணக்கில் ஃபேனிக்கு அண்ணன் முறை, அங்கே அந்தக் கணக்கு செல்லாது, இதற்கு மேல் சொன்னால் நானும் அந்தப் பேராசிரியர் மாதிரி ஆகிவிடுவேன்.

நாவலை முடித்த பிறகு, இலக்கிய விமர்சகர் எட்வர்ட் சயீத் இலக்கியத்துக்கும் பேரரசுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதிய 'கல்ச்சர் அண்ட் இம்பீரியலிசம்' (1993) புத்தகத்தில் இந்த நாவலைப் பற்றிய பகுதியை மட்டும் எடுங்கள். இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். நாவல் முதலில் மூன்று பாகங்களாக வந்தது, அதனால் கட்டுரைகளில் 'பாகம் 2, அத்தியாயம் 3' என்று இருக்கும், உங்கள் கைபேசியில் இருக்கும் பிரதியிலோ 1 முதல் 48 வரை ஒரே ஓட்டமாக எண் போட்டிருப்பார்கள். முதல் பாகத்தில் 18 அத்தியாயம், இரண்டாவதில் 13, மூன்றாவதில் 17. ஆக 'பாகம் 2, அத்தியாயம் 3' என்றால் 18உடன் 3, நீங்கள் திறக்க வேண்டியது 21ஆம் அத்தியாயம்.

அதில் ஃபேனி, முந்தைய நாள் இரவு பெரியப்பாவிடம் அடிமை வியாபாரத்தைப் பற்றிக் கேட்டதை எட்மண்டிடம் சொல்கிறாள். மேலும் கேட்க ஆசைதான், ஆனால் அறையே அமைதியாகிவிட்டதாம். பேச வாய்ப்பே இல்லாத இரண்டு உலகங்களின் அமைதி அது என்று சயீத் வாசிக்கிறார். சரி, அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் படியுங்கள். இன்னும் கேட்டிருந்தால் அப்பா மகிழ்ந்திருப்பார் என்கிறான் எட்மண்ட். அவர் பிள்ளைகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, தான் மட்டும் ஆர்வம் காட்டினால் அவர்களை மட்டம் தட்டியதுபோல் ஆகிவிடுமே என்று தயங்கினேன் என்கிறாள் ஃபேனி. எனக்கு அந்த அமைதி சர் தாமஸுடையது அல்ல, பிள்ளைகளுடையது. கேட்கவே தோன்றாத அமைதி. சயீத் சொல்வதைவிட இது மோசம் என்றுகூட நினைக்கிறேன். பினாங்குக்கு எதிர்க்கரையில் வெல்லெஸ்லி மாநிலக் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களைப் பற்றி நம் வீடுகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நாவல் புராஜெக்ட் குட்டன்பர்க் இணைய நூலகத்தில் இலவசம். ஆய்வு நூல்களுக்கு சிங்கப்பூர் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தின் மேல்மாடி மேற்கோள் பிரிவில் தேடுங்கள். அங்கிருந்து எதையும் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது, அதனால் நோட்டு ஒன்று கொண்டுபோங்கள், அப்புறம் ஒரு ஸ்வெட்டரும்.